கற்பனை நாட்டின் சமவெளி நடுவே தனி எரிமலை, அதிலிருந்து ஓயாத நெருப்பாறு, சுற்றிலும் பாழ்நிலம்: நிலவியல்படி இது நடக்குமா?

பாதி நடக்கும். நானும் உங்களைப் போலத்தான், சனிக்கிழமை இரவு புளோக்குக்குக் கீழே நண்பர்களோடு ஆடும் பகடை விளையாட்டுக்காக ஒரு நாட்டையே வரைந்து வைத்திருக்கிறேன், அதில் முதலில் வரைந்ததும் கூம்பு மலைதான். ஆனால் முதலில் முடிவு செய்ய வேண்டியது மலையை அல்ல, உள்ளே இருக்கும் உருகிய பாறைக் குழம்பை.

அதிரசத்துக்குப் பாகு காய்ச்சியவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். சிலிக்கா (மணலில் இருக்கும் அதே பொருள்) குறைந்த பசால்ட் குழம்பு இளம்பாகு மாதிரி, வாயு சுலபமாக வெளியேறும், ஆறாக ஓடிப் பரவும், அதனால் மலை ஹவாயில் இருப்பது போல அகலமாகப் படுத்துக் கிடக்கும். சிலிக்கா ஏறினால் பாகு முற்றிவிடும், வாயு மாட்டிக்கொண்டு ஒருநாள் வெடிக்கும், கல்லும் சாம்பலும் அடுக்கடுக்காக விழுந்து கூம்பு எழும். கூம்பு, நெருப்பாறு, இரண்டில் ஒன்றை விடுங்கள். (பிடிவாதம் பிடித்தால் காங்கோவின் நியிராகோங்கோவைக் காட்டித் தப்பிக்கலாம், அங்கே அபூர்வமாக இரண்டும் உண்டு.)

தனியாக நிற்பது சரிதான். சுமத்ரா, ஜாவா போல பூமியின் மேலோட்டுத் தட்டு ஒன்று இன்னொன்றின் அடியில் செருகும் இடத்தில் எரிமலைகள் வரிசை கட்டும். நிலம் இழுபட்டுக் கிழியும் இடத்தில் கிளிமஞ்சாரோ 5,895 மீட்டருக்குத் தனியாக நிற்கிறது. நம் சிங்கப்பூரின் புக்கிட் தீமா குன்றும் குழம்பாக இருந்ததுதான், மேலே வராமல் பூமிக்குள்ளேயே ஆறிப்போன கிரானைட்.

பாழ்நிலம்தான் இடிக்கிறது. எரிமலைச் சாம்பல் நாளடைவில் நல்ல மண்ணாகிவிடும். ஜாவாவின் புரோமோ எரிமலைக்குப் போயிருந்தபோது, நிற்கவே பயமாக இருந்த சரிவில் முட்டைக்கோஸ் பயிரிட்டிருந்தார்கள், எனக்கோ பல்லெல்லாம் நறநறவென்று சாம்பல். அது விறகுச் சாம்பல் இல்லை, பொடிந்த கல்லும் கண்ணாடியும்.

பாழ்நிலம் வேண்டுமென்றால் கிழக்கு ஜாவாவின் இஜென் எரிமலையைப் பாருங்கள். மலை வாயில் நீலப்பச்சையாக ஓர் ஏரி, பார்க்க அழகு, ஆனால் பேட்டரி அமிலத்துக்குச் சளைத்ததில்லை. அதிலிருந்து வரும் ஆறும் அமிலம்தான், வயலுக்குப் பாய்ச்சினால் பயிர் திணறும். அதை அப்படியே திருடி என் நாட்டில் நெருப்பாற்றை அழித்துவிட்டுப் புளிப்பாறு ஒன்றை ஓடவிட்டேன். மாடுகூட வாய் வைக்காது. போன வாரம் ஒரு நண்பர் தன் வீரனை இரும்புப் படகில் ஏற்றி அதைக் கடக்கப் பார்த்தார். நடு ஆற்றில் படகு குமிழிவிட ஆரம்பித்ததும், "இது எந்த ஊர் நியாயம்" என்று சண்டைக்கு வந்துவிட்டார்.