ஏ.பி.எஸ். பெட்டிக்கு வீட்டுச் சீமெந்து: கேள்வி பதில்

போன கிழமை, ஏ.பி.எஸ். என்ற கடினமான பிளாஸ்டிக்கால் செய்த என் ரேடியோப் பெட்டியின் படத்தைப் பார்த்த பலர், மூலைகளை எப்படி ஒட்டினேன் என்று கேட்டிருந்தார்கள். வீட்டில் செய்த பிளாஸ்டிக் சீமெந்தால்தான் ஒட்டினேன். எல்லோருக்கும் ஒரே இடத்தில் பதில் சொல்கிறேன்.

உப்புவெளியில் இருந்து ஒரு தம்பி: அண்ணா, பிளாஸ்டிக் சீமெந்து என்றால் சூப்பர் குளூ மாதிரியா? எப்படிச் செய்வது?

சூப்பர் குளூ இரண்டு துண்டுக்கும் நடுவில் தனிப் படையாக நிற்கும். சீமெந்து இரண்டு விளிம்பையும் கரைத்துவிடும். கரைந்த இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று போய்ப் பின்னிக்கொள்ளும். சீமெந்தில் உள்ள கரைப்பான், அதாவது அசிட்டோன் என்ற திரவம், ஆவியாகிப் போனதும் அது ஒரே துண்டு. நன்றாக ஒட்டிய மூலையை உடைத்தால் ஒட்டு விடாது, பக்கத்தில் உள்ள பிளாஸ்டிக்தான் உடையும்.

செய்முறை இதுதான். பழைய பிரிண்டர் உடம்பையோ மொனிட்டர் மூடியையோ எடுங்கள். உள்பக்கம் ஏ.பி.எஸ். என்று அச்சிட்டிருக்க வேண்டும். பெட்டி செய்து மிஞ்சிய வெட்டுத் துண்டே இருந்தால் அதைவிட நல்லது, நிறமும் பொருந்தும். அரிசி அளவுக்கு நறுக்குங்கள். 100 மில்லிலீற்றர் அசிட்டோனுக்கு 20 முதல் 25 கிராம் போதும். கண்ணாடிப் போத்தலில் போட்டு, இறுக்கி மூடி, ஓர் இரவு விடுங்கள். காலையில் துண்டுகள் ஊறின ஜவ்வரிசி மாதிரி அடியில் கிடக்கும். குச்சியால் கலக்கினால் கித்துள் பாணி பதத்துக்கு வரும். உள்மூலையில் பூச அந்தப் பதம். நேர் விளிம்பு ஒட்ட இன்னும் அசிட்டோன் விட்டுப் பால் பதமாக்குங்கள்.

ஒட்ட முன்னர், கண்ணாடி மேல் மண்தாளை வைத்து விளிம்பைத் தேய்த்து நேராக்குங்கள். இரண்டு பக்கமும் பூசி, மினுக்கம் கொஞ்சம் மங்கியதும் சேர்த்து அழுத்துங்கள். மெல்லிய நூல் மாதிரிச் சீமெந்து வெளியே பிதுங்கும். அதைத் துடைக்காதீர்கள், இழுபட்டு அசிங்கமாகும். மறுநாள் பிளேட்டால் சீவினால் சுத்தமாக வரும். சைக்கிள் டியூப்பை வளையமாக வெட்டி மாட்டினால் நல்ல பிடிப்பு. 24 மணித்தியாலம் பாரம் ஏற்ற வேண்டாம்.

இனி நான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிற விஷயம். அசிட்டோன் ஆவி காற்றைப்போல இரண்டு மடங்கு பாரம். மேலே போகாது, நிலத்தோடு ஊர்ந்து அடுத்த அறைக்குப் போகும். ஒருமுறை மூடாத போத்தலை நிலத்தில் வைத்துவிட்டு வேலையில் இருந்தேன். பக்கத்து அறையில் அம்மா சாமி விளக்கேற்ற நெருப்புப்பெட்டியைக் கையில் எடுத்தவர், "என்னடா மணக்குது?" என்று கேட்டபடியால் தப்பினோம். அன்றிலிருந்து முற்றத்தில் மட்டும்தான் வேலை. விளக்கு, ஊதுபத்தி, காஸ் அடுப்பு எதுவும் கிட்ட இருக்கக்கூடாது.

கிண்ணியாவில் இருந்து: என்னிடம் உள்ள பெட்டியில் எந்த அச்சும் இல்லை. ஏ.பி.எஸ்.தானா என்று எப்படி அறிவது?

நல்ல கேள்வி. பாதிப் பேர் இதைக் கேட்காமலே ஒட்டப் போகிறார்கள். சிறு துண்டைத் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பொலிஎதிலீன் அல்லது பொலிபுரோப்பிலீன், அதை மறந்துவிடுங்கள். தாழ்ந்தால், உள்பக்கம் மறைவான இடத்தில் அசிட்டோன் தோய்த்த பஞ்சை வைத்து எடுத்து, கையுறை போட்ட விரலால் தொடுங்கள். பிசுபிசு என்று ஒட்டினால் ஏ.பி.எஸ். அல்லது பொலிஸ்டைரீன். வெள்ளை பூத்து நுண்வெடிப்பு விட்டால் பொலிகாபனேற்றாக இருக்கலாம், நிறுத்திவிடுங்கள்.

சாப்பாட்டுப் பெட்டியில் சார்ஜர் செய்கிறேன், சீமெந்து பிடிக்குமா?

பிடிக்காது. அது பொலிபுரோப்பிலீன். திருகாணி போடுங்கள்.

கியூடெக்ஸ் அழிக்கிற தண்ணியே போதாதா? அக்காவிடம் இருக்கிறது.

போதாது. அதில் தண்ணீரும் எண்ணெயும் கலந்திருக்கும். சிலவற்றில் அசிட்டோனே இல்லை.

உவர்மலையில் இருந்து: நீங்கள் சொன்னபடியே செய்தேன். ஒட்டின இடம் சாம்பல் பூசினது மாதிரி வெளுத்துப் போனது. ஏன்?

எப்போது ஒட்டினீர்கள்? மார்கழி மழையில் என்றால் காரணம் தெரிந்ததே. அசிட்டோன் வேகமாக ஆவியாகும்போது அந்த இடம் குளிரும். குளிர்ந்த இடத்தில் காற்றின் ஈரம் படியும். நம் திருகோணமலை கடல் சூழ்ந்த ஊர், வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் சுவரே வியர்க்கிறது. மழை விட்ட நாளில், நடுப்பகலில், மெல்லிய படையாகப் பூசுங்கள். வெளுத்ததை மண்தாளால் தேய்த்து, மேலே கொஞ்சம் அசிட்டோனைத் தூரிகையால் ஒருமுறை இழுத்தால் பெரும்பாலும் நிறம் திரும்பும்.

பாலையூற்றில் இருந்து ஓர் ஐயா: ரெஜிபோமை (சாமான் பொதிகிற வெள்ளை நுரைத் தட்டு) பெயின்ற் தின்னரில் கரைத்தால் காசில்லாத சீமெந்து. நான் இரண்டு வருடமாக ஏ.பி.எஸ். பெட்டிகளை அதால்தான் ஒட்டுகிறேன். ஏன் வீண்செலவு?

ஐயா, ரெஜிபோம் பொலிஸ்டைரீன். பொலிஸ்டைரீன் தாளில் செய்த பெட்டிக்கு அது சரியான சீமெந்து, அதில் எனக்கு மறுப்பில்லை. ஏ.பி.எஸ்.ஸில் ஒட்டுவது தின்னரின் வேலை. அது விளிம்பைக் கரைக்கிறது. ஆனால் நடுவில் மிஞ்சுவது பொலிஸ்டைரீன் படை. ஏ.பி.எஸ்.ஸின் பலமே அதில் உள்ள பியூட்டடையீன் இறப்பர். அது உங்கள் ஒட்டில் இல்லை, ஆகவே விழுந்தால் அந்தக் கோட்டிலேயே வெடிக்கும்.

அதே ஐயா: விழுந்தும் உடையவில்லை!

சுவரில் மாட்டிய பெட்டிக்கு அப்படி நடக்கலாம். தூக்கிக்கொண்டு திரிகிற பெட்டிக்கு நான் நம்பமாட்டேன். இரண்டு துண்டு ஏ.பி.எஸ். எடுத்து ஒன்றை உங்கள் முறையில், ஒன்றை என் முறையில் ஒட்டி, ஒரு கிழமை காயவிட்டு வளைத்துப் பாருங்கள். நான் செய்து பார்த்தேன். ரெஜிபோம் ஒட்டு சடக் என்று விட்டது, மற்றது வளைந்து வெளுத்த பிறகுதான் கிழிந்தது.

மூன்றாவது ஒருவர்: ஐயா சொல்வதுதான் சரி, அசிட்டோனிலும் ரெஜிபோம் கரைகிறதே?

கரைவதில்லை, காற்றுப் போய்ச் சுருங்கிக் களியாகிறது. பூசிப் பாருங்கள், பூசவே வராது. இன்னொருவர் பெற்றோலில் கரைக்கலாமா என்று கேட்டிருக்கிறார். கூடாது. உடம்பில் ஒட்டிக்கொண்டு எரியும் பொருள் அது. சாமி விளக்கு உள்ள வீட்டில் அதைப் பற்றி நினைக்கவும் வேண்டாம்.

பி.வி.சி. பைப்புக்குப் பூசுகிற கம் போதாதா? (நான்கு பேர் கேட்டது)

ஏ.பி.எஸ்.ஸில் பிடிக்கும். ஆனால் அதில் மெதுவாகக் காயும் கரைப்பானும் இருக்கிறது. மெல்லிய சுவர் நாட்கணக்கில் இளகி நெளியும். பைப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்த் தாங்கி வெடிப்பு அடைக்க?

பொலிஎதிலீன். மேலே மிதப்புச் சோதனையைப் பாருங்கள்.

பேர்ஸ்பெக்ஸ் (கண்ணாடி மாதிரியான அக்ரிலிக் பிளாஸ்டிக்) பெட்டிக்கு?

அசிட்டோன் வேண்டாம், வெளுத்து நுண்வெடிப்பு விடும். லேசரால் வெட்டிய விளிம்பில் இறுக்கம் தங்கியிருப்பதால் இன்னும் மோசம். தொழில் செய்பவர்கள் மெதிலீன் குளோரைட் என்ற கரைப்பானை ஊசியால் இடுக்கில் விடுவார்கள். அது உடம்புக்குள் போய்க் காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவாக மாறும். அமெரிக்காவில் 2024இல் வீட்டுப் பாவனைக்கே தடை செய்தார்கள். வீட்டில் அதைத் தொடாதீர்கள். மூலைக்கட்டை வைத்து 3 மில்லிமீற்றர் திருகாணி போடுங்கள், கழற்றவும் முடியும்.

ஆம்பில் (ஒலிபெருக்கியில்) இரைச்சல் வருகிறது, பெட்டியாலா?

இது ஒட்டு வேலைக் கேள்வி இல்லை. பூமித்தொடுப்பைப் பார்க்க ஒரு ஆம்ப் திருத்துபவரிடம் காட்டுங்கள்.

சூப்பர் குளூவும் இதுவும் ஒன்றுதானே?

முதல் பதிலை வாசியுங்கள்.

மிச்சச் சீமெந்தை எத்தனை நாள் வைக்கலாம்?

மூடி இறுக்கமாக இருந்தால் மாதக்கணக்கில். தடித்தால் அசிட்டோன் சேர்த்துக் கலக்குங்கள். வேண்டாததைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், கழிவுப் பைப்பும் பிளாஸ்டிக்தான். முற்றத்தில் திறந்து காயவிட்டால் கட்டியாகும், அதை எறியலாம். நான் தூரிகை உள்ள பழைய கியூடெக்ஸ் போத்தலில்தான் வைத்திருக்கிறேன், பூச வசதி. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் என்ன உள்ளது என்று பெரிய எழுத்தில் ஒட்டி, அலுமாரியின் மேல்தட்டில் வையுங்கள்.