எம்35ஏ2 இராணுவ லாரிக்கு முன்னால் பிரஷ் கார்டு போடுவதா, பம்பரையே மாற்றுவதா?

கேள்வியின் சாரம் இது: அமெரிக்க இராணுவ உபரியில் வாங்கிய எம்35ஏ2, அதாவது மூன்று அச்சுகளும் இயங்கும் (6x6) இரண்டரை டன் லாரி. முன்னால் வின்ச் (கயிற்றைச் சுற்றி வண்டியை இழுக்கும் பொறி) இல்லை. புதரும் இளமரங்களும் அடர்ந்த சொந்த நிலத்தில் ஓட வேண்டும். தகட்டைப் பெட்டிபோல் மடித்த கனமான பம்பரா, குழாய் பிரஷ் கார்டா (புதரும் கிளையும் மோதாமல் முகப்பைக் காக்கும் இரும்புச் சட்டம்), எவ்வளவு தடிமன் என்பது சந்தேகம்.

நேரடியாகச் சொன்னால், இருக்கும் பம்பரை அப்படியே விட்டுவிட்டு, 65 கிலோ அளவில் அடங்குகிற, போல்ட் போட்டு மாட்டிக் கழற்றக்கூடிய கார்டு ஒன்றைப் போடுங்கள். பெட்டிப் பம்பர் இந்த வண்டிக்குத் தேவையில்லை. தடிமனைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். அது எங்கே மாட்டப்படுகிறது என்று கேட்பவர்கள் குறைவு. கார்டு பிழைப்பதும் ரேடியேட்டரைக் குத்திக் கிழிப்பதும் மாட்டும் இடத்தைப் பொறுத்தது.

ஒன்றை முதலில் கவனியுங்கள். எம்35ஏ2-வில் ரேடியேட்டருக்கு முன்னாலும் ஹெட்லைட்டுகளுக்கு முன்னாலும் இரும்புக் கம்பிக் காப்பு தொழிற்சாலையிலிருந்தே வருகிறது. அது வளைந்தோ விரிசல் விட்டோ இருந்தால் அதைச் சரிசெய்வதே பாதி வேலை. சும்மா சாலையில் ஓட்டவும் கண்காட்சிக்குக் கொண்டுபோகவும் மட்டும் என்றால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். பம்பருக்கு முன்னால் நீட்டிப் போடும் கூடுதல் கார்டு, கை மணிக்கட்டு தடிமன் உள்ள மரங்களைத் தள்ளிக்கொண்டு போகிறவர்களுக்குத்தான் பயன்.

எடைக் கணக்கைப் பார்ப்போம். 6 மி.மீ. தகடு ஒரு சதுர மீட்டருக்கு 47 கிலோ. 2.3 மீட்டர் நீளம், சுற்றளவு 90 செ.மீ. உள்ள பெட்டிப் பம்பர் என்றால் தகடு மட்டுமே 98 கிலோ. உள்ளே விலா, மாட்டும் தகடு எல்லாம் சேர்த்தால் 120-ஐத் தொடும். அதையே 10 மி.மீ. தகட்டில் செய்தால் வெறும் தகடே 160 கிலோ தாண்டும். இந்த எடை முன் அச்சுக்கு மேலே உட்காரவில்லை, அதைத் தாண்டி வெளியே தொங்குகிறது. எம்35ஏ2-வின் வீல்பேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுகளின் நடுவுக்கும் உள்ள தூரம்) 154 அங்குலம், அதாவது 3.91 மீட்டர். அச்சுக்கு ஒரு மீட்டர் முன்னால் 120 கிலோ தொங்கினால் முன் அச்சில் ஏறுவது சுமார் 150 கிலோ; அந்த மிச்ச 30 கிலோ பின் அச்சுகளிலிருந்து கழிந்து வருகிறது. வண்டி காலியாக ஓடும்போது பிடிமானம் எங்கே தேவையோ அங்கேயே குறைகிறது.

ஸ்பிரிங் தாங்குமா என்றால் தாங்கும். முன்னால் வின்ச்சோடும் இதே லாரியைத் தொழிற்சாலை செய்திருக்கிறது, அந்த வின்ச் இதைவிடக் கனம். தாங்காதது உங்கள் தோள்தான். பெரும்பாலான எம்35ஏ2-க்களில் பவர் ஸ்டீயரிங் கிடையாது. நின்ற இடத்தில் ஸ்டீயரிங் ஒடிப்பது ஏற்கெனவே கடினம். முன்னால் ஒவ்வொரு 50 கிலோவையும் கையில் உணர்வீர்கள்.

நான் பரிந்துரைக்கும் அமைப்பு இது. சேசிஸ் சானல்கள் இரண்டும் பம்பரைத் தொடும் இடத்துக்கு நேர் எதிரே, 12 மி.மீ. தகட்டில் 150 மி.மீ. அகலமும் 900 மி.மீ. உயரமும் கொண்ட இரண்டு நிமிர்ந்த தகடுகள், விளிம்பு முன்னோக்கி இருக்கும்படி. அவற்றை இணைக்க, வெளிவிட்டம் 60.3 மி.மீ., சுவர் 3.9 மி.மீ. உள்ள குழாய் (2 அங்குல ஷெட்யூல் 40 என்று கேட்டால் கொடுப்பார்கள்) 1.5 மீட்டர் நீளத்தில் இரண்டு, மேலே ஒன்று, கீழே ஒன்று. நடுவில் 50க்கு 6 மி.மீ. பட்டைக் கம்பி 600 மி.மீ. நீளத்தில் பத்து, செங்குத்தாக, அவையும் விளிம்பு முன்னோக்கி. அடித்தகடு 200க்கு 200, 12 மி.மீ. எல்லாம் கூட்டினால் சுமார் 63 கிலோ வருகிறது.

பட்டையை விளிம்பு முன்னோக்கி வைக்கச் சொல்வது காற்றுக்காக. 6 மி.மீ. விளிம்பு 50 மி.மீ.க்கு ஒன்று என்று நின்றால் ரேடியேட்டர் முகத்தில் 12 சதவீதம்தான் மறையும். 50 மி.மீ. குழாயை 150 மி.மீ.க்கு ஒன்று என்று வைத்தால் பார்ப்பதற்கு இடைவெளி தாராளமாகத் தெரியும், ஆனால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். பின்னால் தொழிற்சாலைக் கம்பிக் காப்பும் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். இரண்டு அடுக்கும் சேர்ந்து மறைக்கும். சாலையில் சும்மா ஓடும்போது தெரியாத சூடு, சுமையோடு தாழ்ந்த கியரில் மேடேறும்போது தெரியும். கம்பிவலை அடிக்கிறவர்களும் உண்டு. காய்ந்த புல்வெளியில் அந்த வலையில் புல்விதை அப்பிக்கொண்டு கம்பளி போர்த்தியதுபோல் ஆகிவிடும். வலை வேண்டுமென்றே இருந்தால் நான்கு போல்ட்டில் கழன்று வரும் தனிச் சட்டமாகப் போடுங்கள்.

இனி மாட்டும் விதம். இங்கேதான் அதிகம் கெடுகிறது. கார்டின் மேல்முனை ஆடுகிறது என்று பார்த்து, அதிலிருந்து ஒரு தாங்கு கம்பியைப் பின்னால் இழுத்து மட்கார்டிலோ ரேடியேட்டர் சட்டத்திலோ போல்ட் போடுவார்கள். கூடாது. இந்த லாரியின் சேசிஸ் முறுக்கிக் கொடுப்பதற்காகவே செய்யப்பட்டது. பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கும்போது முன் சேசிஸும் அதன்மேல் உட்கார்ந்திருக்கும் ரேடியேட்டரும் மட்கார்டும் ஒரே அளவில் அசைவதில்லை. இரண்டையும் கட்டிப்போட்டால் தகடு கிழியும், இல்லையென்றால் ரேடியேட்டர் தொட்டியின் சாலிடர் விடும். அதைவிட மோசம், ஒரு மரத்தில் மோதினால் கார்டு வாங்கிய அடி நேராக ரேடியேட்டருக்குப் போகும், அது பின்னால் தள்ளப்பட்டு ஃபேனில் உரசும். கார்டு பம்பரிலும் சேசிஸ் முனையிலும் மட்டுமே நிற்க வேண்டும். அதற்கும் முன் முகப்புக்கும் நடுவே 50 முதல் 75 மி.மீ. வெற்றிடம் இருக்க வேண்டும். மேல்முனை ஆடினால் அடியில் முக்கோணத் தகடு வைத்து விறைப்பாக்குங்கள்.

அடித்தகட்டுக்கு ஒவ்வொரு பக்கமும் 5/8 அங்குல கிரேடு 8 (உயர் வலிமை) போல்ட் நான்கு. பம்பர் சானலின் உள்பக்கம் 8 மி.மீ. பின்தகடு கட்டாயம், இல்லாவிட்டால் போல்ட் தலை சானலை உள்ளே குழித்துக்கொண்டு நாளடைவில் தளரும். இறுக்கும் முறுக்குவிசை, எண்ணெயிடாத மரைக்கு சுமார் 285 நியூட்டன் மீட்டர். மரையில் எண்ணெயோ, துருப்பிடித்து இறுகாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசையோ தடவினால் 215-க்கு மேல் போக வேண்டாம். 1/2 அங்குலம் என்றால் 145, எண்ணெயிட்டால் 110. யூ போல்ட் போட்டுக் குழாயைப் பிடிக்கும் ரெடிமேட் கார்டுகளைத் தவிர்த்துவிடுங்கள், அதிர்வில் அவை சுழன்றுவிடும்.

சேசிஸில் புதுத் துளை போடுவதைக் கூடுமானவரை தவிர்த்து, பம்பர் மாட்டியிருக்கும் பழைய துளைகளையே பயன்படுத்துங்கள். போட்டே ஆக வேண்டுமென்றால் சானலின் நிமிர்ந்த பக்கத்தில், நடு உயரத்துக்கு அருகில், டிரில் கொண்டு. மடிந்த மேல், கீழ்ப் பட்டைகளில் துளையும் கூடாது, வெல்டிங்கும் கூடாது. வளையும் விசை முழுவதும் அங்கேதான் ஓடுகிறது, விரிசல் அந்தத் துளையிலிருந்து தொடங்கும். கேஸ் கட்டரால் துளை போடுகிறேன் என்று யாராவது வந்தால் அனுப்பிவிடுங்கள்.

பெயிண்ட் விஷயம் அலட்சியப்படுத்தக் கூடாதது. 1980-களின் நடுவிலிருந்து அமெரிக்க இராணுவ வண்டிகளுக்கு அடிக்கப்படும் கார்க் என்ற இரசாயனத் தடுப்புப் பூச்சைச் சூடாக்கினால் ஐசோசயனேட் ஆவி வரும். அடியில் உள்ள பழைய பிரைமரில் குரோமியமோ ஈயமோ இருக்க வாய்ப்புண்டு. வெல்டிங் செய்யும் இடத்தைச் சுற்றி 10 செ.மீ. அளவுக்குப் பூச்சை முதலில் இரசாயனத்தால் நீக்குங்கள். கிரைண்டர் பிடித்தால் தூசி பறக்கும்; துணி மாஸ்க் போதாது, வடிகட்டிக் கார்ட்ரிட்ஜ் வைத்த ரெஸ்பிரேட்டர் வேண்டும். வண்டியிலேயே வெல்டிங் செய்வதானால் இரண்டு பேட்டரிகளின் இணைப்பையும் கழற்றி, ஆல்டர்னேட்டர் ஒயரையும் எடுத்துவிட்டு, எர்த் கிளிப்பை வெல்டிங்குக்கு அருகிலேயே போடுங்கள். எர்த் எங்கோ தொலைவில் இருந்தால் மின்சாரம் சக்கர பேரிங் வழியாகப் போய் அதைப் பொரித்துவிடும். கார்டைக் கழற்றிக் கீழே வைத்துச் செய்தால் இந்தத் தொல்லையே இல்லை.

குழாயின் இரு முனையையும் மூடி வெல்டிங் செய்கிறவர்கள் அடியில் 8 மி.மீ. வடிகால் துளை விட மறந்துவிடுவார்கள். பொடித் துளை வழியே ஏறும் நீர் வெளியேறாமல் உள்ளிருந்து துருப்பிடித்து, வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும்போதே சுவர் காகிதமாகிவிடும். கார்டைக் கால்வனைஸ் செய்யக் கொடுத்தால் துளை இல்லாத குழாய் தொட்டியில் வெடிக்கக்கூடும். பட்டறையே திருப்பி அனுப்பும்.

இழுக்கும் கொக்கிகளைக் கார்டு மறைக்கக் கூடாது. எம்35ஏ2-வின் முன் ஷேக்கிள்கள் (இழுவைக் கயிறு மாட்டும் இரும்பு வளையங்கள்) சேசிஸோடு பிணைந்தவை. வண்டியை இழுத்துச் செல்லும் தண்டான டோ பாரும் அங்கேதான் மாட்டும். ஷேக்கிளைச் சுற்றி முழுக் கை நுழைகிற இடம் விடுங்கள், ஷேக்கிளின் பூட்டுப் பின்னைச் சேறு படிந்த கையுறையோடு உருவ வேண்டியிருக்கும். முன்னால் ஏர் கப்ளிங் (காற்றுக்குழாய் இணைப்பு) இருந்தால் அதற்கும் இதே விதி. கார்டையே பிடித்து வண்டியை இழுக்கக் கூடாது, ஒருமுறைகூட. காலியாகவே 13,000 பவுண்டுக்குப் பக்கம், சேற்றில் பதிந்தால் இழுவிசை அதைவிட ஏறும். ஷேக்கிள் புதிதாக வாங்கினால் 3/4 அங்குலம் 4¾ டன், 7/8 அங்குலம் 6½ டன், 1 அங்குலம் 8½ டன் வேலைச்சுமை. இந்த லாரிக்கு 1 அங்குலம் எடுங்கள்.

பின்னாளில் வின்ச் போடும் எண்ணம் இருந்தால் இப்போதே முடிவு செய்வது நல்லது, ஏனெனில் வின்ச் வண்டியின் சேசிஸ் முன்னால் நீண்டு, பம்பர் தள்ளி நிற்கும். இன்று செய்த கார்டு அன்று பொருந்தாது. இராணுவ வின்ச், இன்ஜின் சக்தியைக் கியர்பாக்ஸிலிருந்து வெளியே எடுக்கும் பி.டி.ஓ. ஷாஃப்ட் வழியாக ஓடுவது, ஒற்றைக் கயிற்றில் 10,000 பவுண்டு. அதன் கிளட்ச் லீவருக்கும், ஷாஃப்டில் உள்ள ஷியர் பின்னுக்கும் கை எட்டாதபடி கார்டு போட்டவர்களைப் பார்க்கலாம். சுமை மிஞ்சும்போது அந்த ஷியர் பின் முறிவது வின்ச்சைக் காப்பாற்றத்தான். அதற்குப் பதில் கிரேடு 8 போல்ட் சொருகினால் அடுத்து உடைவது கியர் பெட்டி. மின் வின்ச் என்றால் 24 வோல்ட் மாடலே வாங்குங்கள். 12 வோல்ட் வின்ச்சை இரண்டில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் எடுத்தால் அந்தப் பேட்டரி இறங்கிக்கொண்டே போகும், மற்றது அதிகச் சார்ஜில் கொதிக்கும்.

மாட்டும் முன் ஒரு கயிறு சோதனை செய்யுங்கள். பம்பரின் அடிவிளிம்பிலிருந்து முன் டயரைத் தொட்டுக்கொண்டு தரைவரை ஒரு கயிற்றை இழுத்துப் பிடித்தால் அந்தச் சாய்வுதான் ஏறுகோணம், அதாவது முன்பக்கம் இடிக்காமல் ஏறக்கூடிய சரிவு. புதுக் கார்டின் எந்தப் பகுதியும் அந்தக் கோட்டுக்குக் கீழே வரக் கூடாது. முன்னால் நீட்டினால் எவ்வளவு இழப்பு என்பதற்கு அமெரிக்க இராணுவத்தின் ஜீப் வகை வண்டியான ஹம்வியின் கணக்கே போதும்: அதன் எம்998 மாடலுக்கு வின்ச் இல்லாமல் 63 டிகிரி, வின்ச்சோடு 47. பிறகு இருட்டியதும் சுவருக்கு எதிரே நிறுத்தி ஹெட்லைட் போட்டுப் பாருங்கள். கம்பியின் நிழல் சுவரில் விழும் ஒளியின் நடுவில் விழுந்தால் கம்பியை நகர்த்துங்கள். சீல்டு பீமை (ஹெட்லைட்டின் ஒரே துண்டான விளக்கை) மாற்றக் கார்டையே கழற்ற வேண்டிய நிலையும் வரக் கூடாது.

வேறு வண்டிகளுக்கு இதே பதில் பொருந்தாது. எம்939 வரிசை ஐந்து டன் லாரிக்கும் ஹம்விக்கும் பானட் முன்னோக்கிச் சாயும். கார்டு வாங்கும் முன் பானட்டை முழுதாகச் சாய்த்து, அதன் மூக்கு எவ்வளவு தூரம் முன்னால் வந்து எவ்வளவு கீழே இறங்குகிறது என்று அளந்துகொள்ளுங்கள், அல்லது கீல் வைத்து மடியும் கார்டாகப் பாருங்கள். செவ்ரோலேயின் இலகு இராணுவ வண்டியான சி.யு.சி.வி. (எம்1008, எம்1009) என்றால் இராணுவமே போட்ட தட்டையான பட்டைக் கார்டு பழைய உதிரிகளில் கிடைக்கும். அதைவிட நல்லதைத் தேட வேண்டியதில்லை.

மாட்டிய பிறகு முதல் 100 கிலோமீட்டரில் ஒருமுறை எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் பாருங்கள். பெயிண்டுக்கு மேல் இறுக்கிய இடத்தில் பெயிண்ட் நசுங்கி இறுக்கம் நிச்சயம் குறைந்திருக்கும். வெல்டிங் இரும்பைத் தொடும் ஓரத்தில் துருக்கோடு ஒன்று மெலிதாக இறங்கினால் அது விரிசல். மேலே இன்னொரு வரி வெல்டிங் போட்டு மூடாமல், விரிசலை முழுதும் தோண்டி எடுத்துவிட்டுப் போடுங்கள்.

இந்தியாவில் ஏலத்தில் எடுத்த பழைய சக்திமானுக்கோ நிஸான் ஒன்-டன்னுக்கோ இதைப் படித்துவிட்டுச் செய்ய நினைக்கிறவர்களுக்கு: 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கிராஷ் கார்டு, புல் பார் பொருத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு எதிரானது என்று மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. பதிவு செய்து பொதுச்சாலையில் ஓடும் வண்டி என்றால் தொழிற்சாலைப் பம்பரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கார்டு தோட்டத்துக்குள் மட்டும், வெளியே வரும்போது அந்த எட்டு போல்ட்டையும் கழற்றிவிட்டு.