அம்மாவுக்கு வந்தது எனக்கும் வருமா? புற்றுநோயும் மரபணுவும்: கேள்வி பதில்

சிங்கப்பூரில் புற்றுநோய் யாருக்கு, எதனால் வருகிறது என்று ஆராய்வது என் வேலை. அதிலும் குடும்ப வழியில் இறங்கும் மரபணுக் காரணிகள்தான் என் பகுதி. சிகிச்சை தரும் மருத்துவர் நான் இல்லை. வந்த கேள்விகளில் பல ஒன்றுபோலவே இருந்ததால் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன். கேட்டவர்களின் பெயர் வேண்டாம், பேட்டை போதும்.

பிடோக்: டாக்டர், அம்மாவுக்கு 63 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. எனக்கு இப்போது 41. எனக்கும் கட்டாயம் வருமா?

கட்டாயம் என்ற பேச்சே இல்லை. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்குத்தான் ஒரே ஒரு மரபணுவின் பழுது பரம்பரையாக வந்திருக்கும். அம்மா, அக்கா தங்கை, மகள் ஆகியோரில் ஒருவருக்கு வந்திருந்தால் உங்கள் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. கேட்கவே பயமாக இருக்கும்தான். ஆனால் அப்படிப்பட்ட பெண்களிலும் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதே இல்லை. நான் முதலில் பார்ப்பது நோய் வந்த வயதை. 63 என்றால் பரம்பரையைப் பெரிதாகச் சந்தேகப்பட மாட்டேன். 38 என்றாலோ, இரண்டு மார்பிலும் என்றாலோ, வீட்டில் இன்னொருவருக்குச் சினைப்பைப் புற்றுநோய் என்றாலோ உடனே மரபணு ஆலோசனைக்குப் போகச் சொல்வேன். நாற்பதைத் தாண்டிவிட்டதால் மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே பற்றிப் பலதுறை மருந்தகத்தில் பேசிவிடுங்கள்.

தோ பாயோ: இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? எலியை வைத்தா?

எலி பக்கமே நான் போவதில்லை. எண்ணுவதும் ஒப்பிடுவதும்தான் எங்கள் தொழில். இங்கே 1968 முதல் நாடு முழுமைக்குமான புற்றுநோய்ப் பதிவேடு இருக்கிறது. அதைத் தொடங்கியவர் பேராசிரியர் சண்முகரத்தினம், அதிபர் தர்மனின் தந்தை. யாருக்கு, எந்த வயதில், எந்த உறுப்பில் என்று அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சேர்த்த கணக்கு அது. அது இல்லாவிட்டால் என்னைப் போன்றவர்களுக்கு வேலையே இல்லை.

மரபுக்கு எவ்வளவு பங்கு என்பதை அளக்க இரட்டையர்களை விடச் சிறந்த வழி இல்லை. டென்மார்க், ஃபின்லாந்து, நார்வே, சுவீடன் ஆகிய நான்கு நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட இரட்டையர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2016ல் வெளியானது. ஒருவருக்கொருவர் நோய் வாய்ப்பு வேறுபடுவதில் மரபின் பங்கு மொத்தப் புற்றுநோய்க்கு 33 விழுக்காடு, ஆண்களின் புரோஸ்டேட் சுரப்பிக்கு 57, மார்பகத்துக்கு 31 என்று வந்தது. ஒரே மரபணுக்களைக் கொண்ட இரட்டையரில் ஒருத்திக்கு மார்பகப் புற்றுநோய் வந்தால்கூட மற்றவளுக்கு வருவது மூன்றில் ஒன்றுக்கும் குறைவு.

செங்காங்: அப்பாவின் அம்மாவும் அக்காவும் ‘வயிற்றில் கட்டி’ வந்து இறந்தார்கள். அப்பா வழிதானே, பெண்களுக்கு வரும் நோய்க்கு அது கணக்கில் வராது என்கிறார் என் அக்கா. சரியா?

உங்கள் அக்கா சொல்வது சரியில்லை. நான் அதிகம் சந்திக்கும் குழப்பமும் இதுதான். பழுதானால் மார்பக, சினைப்பைப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் மரபணுக்கள் இரண்டு: 1994ல் கண்டறியப்பட்ட பிஆர்சிஏ1, அடுத்த ஆண்டு வந்த பிஆர்சிஏ2. இரண்டின் பழுதுமே ஆண் பெண் பார்க்காமல் இறங்கும். அப்பாவிடம் பழுது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்பு. அப்பாவுக்கு எதுவுமே வராமலும் போகலாம். பிஆர்சிஏ2 என்றால் அவர் புரோஸ்டேட்டையும் கவனித்துக்கொள்வது நல்லது. பெண்களுக்கு எண்கள் பெரியவை. 2017ல் வந்த ஒரு பெரிய ஆய்வின்படி, 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு பிஆர்சிஏ1 பழுது உள்ளவர்களுக்கு 72 விழுக்காடு, பிஆர்சிஏ2க்கு 69. சினைப்பைக்கு முறையே 44, 17.

உங்கள் வீட்டில் முதல் வேலை ‘வயிற்றில் கட்டி’ என்றால் என்ன கட்டி என்று கண்டுபிடிப்பது. குடல், கருப்பை, சினைப்பை மூன்றையுமே நம் பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஊரில் யாராவது ஒருவர் பழைய மருத்துவமனைத் தாள்களை பிளாஸ்டிக் பையில் போட்டு பீரோவில் வைத்திருப்பார். அப்படி ஒரு குடும்பத்தில், மடித்து மடித்துக் கிழிந்த டிஸ்சார்ஜ் சீட்டில் ‘சிஏ ஓவரி’ (சினைப்பைப் புற்றுநோய்) என்று யாரோ கிறுக்கியிருந்த அந்த ஒரு வரிதான் மூன்று தலைமுறைக்கு விடை சொன்னது. எந்த உறுப்பு, எந்த வயது, இந்த இரண்டும் தெரிந்தால் போதும். சினைப்பை என்று தெரிந்தால் உங்கள் அப்பாவைப் பரிசோதிப்பதிலிருந்து தொடங்கலாம். நோய் வந்தவர் யாராவது உயிரோடு இருக்கும் வீடுகளில் அவரைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். அவரிடம் பழுது கண்டு, உங்களிடம் அது இல்லையென்றால் நிம்மதியாக இருக்கலாம். அவரைச் சோதிக்காமல் உங்களுக்கு மட்டும் ‘இல்லை’ என்று வந்தால் அதை நம்பி உட்கார முடியாது.

உட்லண்ட்ஸ்: இணையத்தில் எச்சில் கிட் வாங்கிச் சோதித்தேன். பிஆர்சிஏ இல்லை என்று வந்தது. விட்டுவிடலாமா?

வேண்டாம். இந்த மரபணுக்களில் நோய் தரும் மாற்றங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. 2018ல் அமெரிக்காவில் முதன்முதலாக அனுமதி பெற்ற அத்தகைய கிட் பார்த்தது மூன்றே மூன்றை, அதுவும் கிழக்கு ஐரோப்பிய வழி யூதர்களிடம் அதிகம் காணப்படுபவை. அந்த மூன்றில் ஒன்று தென்னிந்தியக் குடும்பங்களிலும் கண்டறியப்பட்டிருப்பது சுவாரசியமான விஷயம்தான். அதற்காக மற்ற ஆயிரங்களை மறந்துவிட முடியுமா?

ஜூரோங்: மருத்துவமனையில் முறையாகவே சோதித்தோம். ‘பொருள் தெளிவில்லாத மாற்றம்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். மனைவி தூங்குவதே இல்லை.

தூங்கச் சொல்லுங்கள். இப்படிப்பட்ட மாற்றங்களில் பெரும்பாலானவை பின்னால் ‘தீங்கில்லாதவை’ என்றுதான் வகைப்படுத்தப்படுகின்றன. இதை வைத்து அறுவை சிகிச்சைக்கு முடிவெடுக்கக் கூடாது. ஓரிரு ஆண்டுக்கு ஒரு முறை அதே பிரிவில் ‘வகை மாறியிருக்கிறதா’ என்று கேட்டால் போதும்.

நம்மவர்களுக்கு இப்படி அதிகம் வருவதற்குக் காரணம் உண்டு. உலகத்தின் மரபணுத் தரவில் பெரும்பகுதி ஐரோப்பியர்களுடையது. இங்கேயே 1993ல் தொடங்கி 63,000 பேரைச் சேர்த்த புகழ்பெற்ற உடல்நல ஆய்வு சீனர்களை மட்டும் கொண்டது. சீனர், மலாய்க்காரர், இந்தியர் என மூன்று இனத்தவரையும் சேர்த்து 1 லட்சம் பேரின் மரபுத்தொகுதியை, அதாவது மரபுத் தகவல் முழுவதையும், வாசிக்கும் எஸ்ஜி100கே திட்டம் வந்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு விடுகிறோம். ஆய்வுக்குக் கூப்பிட்டால் நம் ஆட்கள் ‘ரத்தம் எதுக்கு?’ என்று நழுவுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அங் மோ கியோ: நான் மாமன் மகளைத்தான் கட்டினேன். பிள்ளைகளுக்குப் புற்றுநோய் வருமா?

ஒவ்வொரு மரபணுவிலும் அம்மா பக்கம் ஒன்று, அப்பா பக்கம் ஒன்று என இரண்டு பிரதிகள் உண்டு. பிஆர்சிஏ போன்றவை ஒரு பக்கத்துப் பிரதி பழுதானாலே ஆபத்தைக் கூட்டுபவை. சொந்தத்தில் கட்டியதால் அந்த வாய்ப்பு பெரிதாக மாறாது. இரண்டு பக்கமும் பழுதானால்தான் வரும் நோய்களுக்கே சொந்தத் திருமணம் வழிவிடும். எம்யூடிஒய்எச் என்ற மரபணுவால் பெருங்குடலில் ஏராளமான சதை வளர்ச்சிகள் தோன்றுவது அப்படி ஒன்று. இவை அரிது. உங்கள் இரு வீட்டுக்கும் பொதுவான தாத்தா பாட்டி வழியில் இளம் வயதுக் குடல் புற்றுநோய் இருந்ததா என்று மட்டும் கேட்டுப்பாருங்கள்.

பொங்கோல்: சோதனை செய்தால் காப்புறுதி கிடைக்காதாமே?

சுகாதார அமைச்சும் ஆயுள் காப்புறுதிச் சங்கமும் 2021ல் இதற்கு ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தன. மரபணுச் சோதனை செய்துகொண்டு வா என்று நிறுவனங்கள் உங்களை வற்புறுத்த முடியாது. நோய் வருமுன்பே ஆபத்தைச் சொல்லும் முன்கணிப்புச் சோதனையின் முடிவைக் கேட்பதும் மிகப் பெரிய தொகைக்கான காப்புறுதியில், குறிப்பிட்ட சில சோதனைகளுக்கு மட்டும்தான். குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்று படிவத்தில் கேட்டால் அது வேறு விஷயம், உண்மையைத்தான் எழுத வேண்டும்.

ஈசூன்: தினமும் மஞ்சள் சாப்பிட்டால் மரபணு ஆபத்து குறையுமா?

குறையும் என்பதற்குச் சான்று இல்லை. குழம்பில் போடுங்கள், போதும். வெற்றிலை பாக்கை விடுங்கள். புகையிலை சேர்க்காவிட்டாலும் அது வாய்ப் புற்றுநோய் தரும்.

கிளமெண்டி: எனக்கு பிஆர்சிஏ1 பழுது உறுதியாகிவிட்டது. வயது 39. மகளுக்கு 14. அவளையும் உடனே சோதிக்க வேண்டுமா?

முதலில் உங்களைப் பார்ப்போம். பிள்ளை பெற்று முடித்த பிஆர்சிஏ1 பெண்களுக்கு 35 முதல் 40 வயதுக்குள் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் எடுத்துவிடப் பரிந்துரைப்பார்கள். சினைப்பைப் புற்றுநோயை முன்கூட்டியே பிடிக்க நம்பகமான பரிசோதனை இல்லாததே காரணம். மார்பகத்துக்கு எம்ஆர்ஐயும் மேமோகிராமும் சேர்த்துக் கண்காணிக்கலாம், எடுத்துவிடுவதும் ஒரு வழி. அதற்கு அவசரப்பட வேண்டியதில்லை. சினைப்பை விஷயத்தை இந்த ஆண்டே பேசுங்கள்.

மகளுக்கு இப்போது வேண்டாம். இந்த வயதில் அவளுக்குச் செய்யக்கூடிய மருத்துவம் எதுவும் இல்லை, முடிவு தெரிந்து என்ன செய்யப்போகிறோம்? வளர்ந்து, அவளே கேட்கும்போது ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள். உங்கள் சோதனை முடிவின் நகல் ஒன்றை அவள் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள், உங்கள் தங்கைக்கும் ஒன்று அனுப்பிவிடுங்கள்.