கையால் தைத்த பரிசுகள்: மும்பை மாட்டுங்காவிலிருந்து கேள்வி பதில்

துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் ஒட்டுப் போர்வை, பழைய புடவைகளை அடுக்கிக் கையால் தைக்கும் கோதடி, வீட்டாருக்குத் தைத்துக் கொடுக்கும் சின்னச் சின்னப் பொருள்கள் பற்றி இன்று கேளுங்கள். ரவிக்கை அளவும் சுடிதார் கழுத்தும் இன்னொரு நாள். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். புதுத் துணியைத் துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகுதான் கத்தரியை எடுக்க வேண்டும்.

செம்பூர்: அக்கா, நாத்தனாருக்கு மாசியில் குழந்தை பிறக்கப்போகிறது. சின்னதாக ஒரு போர்வை தைக்க ஆசை. மிஷினில் நேராகத் தைக்க மட்டும் தெரியும். எவ்வளவு துணி வாங்குவது?

நேராகத் தைக்கத் தெரிந்தால் போதும், முதல் போர்வைக்கு வேறெதுவும் தேவையில்லை. சதுரங்களை 5 அங்குலமாக வெட்டுங்கள். நாலு பக்கமும் தையலுக்குக் கால் அங்குலம் போனால் நாலரை அங்குலம் மிஞ்சும். வரிசைக்கு 8 சதுரம், 8 வரிசை. மொத்தம் 64 சதுரம், 36 அங்குலத்துக்கு 36 அங்குலம். 44 அங்குல அகலத் துணியில் குறுக்கே 8 சதுரம் வந்துவிடும். நாலு நிறம் போடுவதானால் ஒவ்வொன்றிலும் 30 சென்டிமீட்டர் வாங்குங்கள். அதில் இரண்டு வரிசைக்குச் சதுரம் கிடைக்கும், துவைத்துச் சுருங்கினாலும் பற்றும். அடித்துணி மேல்துணியைவிட நாலு பக்கமும் இரண்டு அங்குலம் பெரியதாக இருக்க வேண்டும். ஒன்றேகால் மீட்டர் வாங்கிவிடுங்கள்.

மூலைகள் சேர வேண்டுமே என்று எல்லாரும் பயப்படுவார்கள். அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒரு வரிசையைத் தைத்ததும் பின்பக்கம் உள்ள தையல் மடிப்புகளையெல்லாம் வலப்பக்கம் சாய்த்து இஸ்திரி போடுங்கள், அடுத்த வரிசையை இடப்பக்கம் சாய்த்துப் போடுங்கள். இரண்டு வரிசையையும் முகத்தோடு முகம் வைத்து விரலால் தடவினால் மடிப்பும் மடிப்பும் ஒன்றையொன்று இடித்துப் பூட்டிக்கொள்ளும் இடம் தெரியும். அங்கே ஒரு குண்டூசி குத்தித் தைத்தால் மூலை விலகாது.

இன்னொன்று. ஒரு வயது முடியும்வரை குழந்தை தூங்கும் இடத்தில் போர்வை, தலையணை எதுவும் வேண்டாம் என்பதுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்வது. முகத்தை மூடிக்கொண்டால் குழந்தையால் தள்ளத் தெரியாது. அதனால் இதைத் தரையில் போட்டு விளையாடவிடும் விரிப்பாகக் கொடுங்கள். பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். பொத்தான், மணி, குஞ்சம் ஒன்றும் கூடாது.

டோம்பிவிலி: மிஷினில் மேல்பக்கம் தையல் அழகாக வருகிறது. கீழே நூல் கூடுகட்டி நிற்கிறது. கீழ் நூல் சுற்றிய பாபினை மாற்றிப் பார்த்துவிட்டேன், சரியாகவில்லை.

கீழே சிக்கினால் குற்றம் பெரும்பாலும் மேல் நூலில்தான். துணியை அழுத்தும் ஃபுட்டைத் தூக்கிவிட்டு மேல் நூலை முழுக்க உருவி மறுபடி கோத்துவிடுங்கள். ஃபுட் கீழே இருக்கும்போது கோத்தால் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் மூடியே இருக்கும், நூல் அவற்றுக்கு இடையில் உட்காராது. பிடிப்பில்லாத நூல் கீழே போய்க் குவியும்.

வாஷி: மங்கள்தாஸ் மார்க்கெட்டில் எந்தக் கடை நல்லது? அசல் காட்டன் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கடைப் பெயர் சொல்ல மாட்டேன். சிஎஸ்எம்டி ரயில் நிலையத்தில் இறங்கி கிராஃபர்டு மார்க்கெட் வழியாக நடந்தே போகலாம். ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும், தெரியாமல் போய் வெயிலில் திரும்பாதீர்கள். கட் பீஸ் கேளுங்கள், ஒட்டு வேலைக்கு அதுவே தாராளம். ஓரத்திலிருந்து நாலு நூலை உருவி வீட்டில் கொளுத்திப் பாருங்கள். காட்டன் காகிதம் மாதிரி எரிந்து மெத்தென்ற சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான உருண்டையாகும். கலப்படமாக இருந்தால் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும். வாங்கியதும் துவையுங்கள்.

முலுண்ட்: மதுரைச் சுங்குடித் துணியில் தைக்கிறேன். சாயம் போகாமல் இருக்க உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் போதுமா, வினிகரும் சேர்க்க வேண்டுமா?

இரண்டும் வேண்டாம். துணியில் ஒட்டாத சாயத்தை உப்பும் வினிகரும் பிடித்துவைக்காது. நம் பாட்டிமார் எல்லாரும் செய்தார்கள் என்பது தெரியும், ஆனாலும் அது சாயப்பட்டறையில் நடக்க வேண்டிய வேலை. நீங்கள் செய்யக்கூடியது, தண்ணீர் தெளிவாகும்வரை தனியாக அலசுவது. அப்புறம் ஈரத் துணியின்மேல் வெள்ளைத் துணித் துண்டை வைத்துச் சூடாக இஸ்திரி போடுங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துணி வெளிர் நிறங்களோடு சேரக் கூடாது. சிவப்பும் மெரூனும் வெள்ளைக்குப் பக்கத்தில் வந்தால் ஒரே துவைப்பில் போர்வை முழுக்க ரோஸ் நிறமாகிவிடும்.

காட்கோபர்: மிஷினில் கீழே நூல் சிக்குகிறது, பாபின் பிரச்சினையா?

டோம்பிவிலிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

சயன்: அம்மா தவறிப்போய்விட்டார்கள். பீரோவில் அவர்களுடைய காஞ்சிபுரம் பட்டு ஆறு இருக்கிறது. வெட்டி, அண்ணனுக்கும் தங்கைக்கும் எனக்கும் ஆளுக்கொரு போர்வை தைக்கலாமா?

நான் பதில் எழுதுவதற்குள் மூன்று பேர் குதித்துவிட்டார்கள். முலுண்ட் சகோதரி, "பெற்றவள் புடவையில் கத்தரி வைக்க எப்படி மனசு வரும்? அப்படியே வைத்துப் பூஜை செய்யுங்கள்" என்கிறார். காந்திவிலிக்காரர், "பீரோவிலேயே மடிப்பில் பொடிந்து போவது மட்டும் மரியாதையா?" என்கிறார். கோரேகான் அன்பர் எல்லாவற்றையும் ஜரிகைக்கு எடை போட்டுக் கொடுக்கச் சொல்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை, தாண்டிப் போகிறேன்.

சயன் தங்கச்சி, முதலில் ஆறையும் பிரித்துப் போட்டு வெளிச்சத்தில் பாருங்கள். மடிப்புக் கோடுகளில் கீறல் இருக்கிறதா? இல்லாத இடத்தில் இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவே பிடித்து மெதுவாக இழுங்கள். தாங்கினால் புடவை உயிரோடு இருக்கிறது. அதை வெட்ட நான் சொல்ல மாட்டேன். தங்கையோ அண்ணியோ கட்டிக்கொள்ளட்டும். அதைவிட நல்ல பரிசு எந்தப் போர்வையும் ஆகாது. மடித்தே வைக்காமல் சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். பழைய வேட்டியில் சுற்றி வையுங்கள். நாப்தலீன் உருண்டை ஜரிகையில் படக் கூடாது.

இழுத்ததும் பட்டென்று விட்டுக்கொடுத்தால் அது இனி யாரும் கட்ட முடியாத புடவை. முலுண்ட் சகோதரி கோபித்துக்கொண்டாலும், அதை வெட்டலாம். ஆனால் போர்வை வேண்டாம். காஞ்சிபுரத்தில் உடலையும் கரையையும் கோர்வை போட்டு இணைத்து நெய்கிறார்கள். ஜரிகை நிறைந்த கரை கனம், உடல் லேசு. காலம் போனால் கரையை ஒட்டிய பட்டுதான் முதலில் விடும். அந்த இடத்தில் மறுபடி தையல் விழுந்து, போர்த்தி இழுத்தால் தாங்காது. வீட்டில் துவைக்கவும் முடியாது. அதனால் உடல் பகுதியை மட்டும் எடுத்து, பின்னால் ஒட்டும் கேன்வாஸை இஸ்திரியால் ஒட்டி, 11ஆம் நம்பர் புது ஊசியில் தையுங்கள். திண்டு உறை, தாம்பூலப் பை, சுவரில் மாட்டும் சின்னப் படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முந்தானையை வெட்டாமல் முழுசாக யாராவது ஒருவர் வைத்துக்கொள்ளுங்கள். பட்டின்மேல் இஸ்திரிப் பெட்டி நேராகப் படக் கூடாது, நடுவே ஒரு காட்டன் துணி இருக்கட்டும்.

போர்வைக்கு நான் கேட்பது வேறு புடவை. அம்மா தினமும் கட்டிய நூல் புடவைகள் எங்கே? பட்டு வருஷத்துக்கு நாலு நாள் உடம்பில் இருந்திருக்கும். சமையலறையில் கை துடைத்ததும், உங்களைத் தூக்கி வைத்துக்கொண்டதும் அந்த நூல் புடவையில்தான். நூறு துவைப்பு கண்ட துணி, இனி சுருங்காது, சாயமும் போகாது. அதைத்தான் பழைய துணி என்று யாருக்காவது கொடுத்துவிடுகிறோம்.

முலுண்ட் (மறுபடியும்): பட்டை வெட்டக் கூடாது, நூல் புடவையை வெட்டலாமா? அதுவும் அவர் கட்டியதுதானே.

நியாயமான கேள்வி. கோதடிக்கு வெட்டு அதிகம் கிடையாது, அதனால்தான் எனக்கு அது பிடிக்கும். ஐந்தரை மீட்டர் புடவையை நடுவில் ஒரே ஒரு வெட்டு. இரண்டு பாதியையும் நீளவாட்டில் பக்கத்தில் வைத்து இணைத்தால் ஏறக்குறைய 90 அங்குலத்துக்கு 108. பெரிய கட்டிலுக்கே சரி. மேலே ஒரு புடவை, கீழே ஒரு புடவை, நடுவில் பழைய வேட்டிகள். பஞ்சு தேவையில்லை. மும்பைக் குளிருக்கு அதுவே அதிகம்.

தாணே: அந்தக் கோதடியைக் கையால் தைப்பது எப்படி? பக்கத்து வீட்டு மராட்டி ஆஜி (பாட்டி) தைப்பதைப் பார்த்திருக்கிறேன், கேட்கக் கூச்சம்.

கூச்சப்படாமல் போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். நான் எழுதுவதைவிட அது மேல். அதுவரைக்கும் இது.

தரையைத் துடைத்து அடித்துணியை விரித்து, மூலைகளில் கனமாக ஏதாவது வையுங்கள். நடுத்துணி, மேல்துணி. ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் நடுவிலிருந்து வெளியே தடவிச் சுருக்கம் எடுங்கள். பிறகு ஒரு சாண் இடைவெளியில் நீள நீளமாக ஓட்டித் தைத்து மூன்றையும் பிடித்து வையுங்கள், கடைசியில் அதைப் பிரித்துவிடலாம். ஓரத்தை உள்ளே மடித்துத் தைத்துவிட்டு, விரல் அகலத்துக்கு ஒரு வரிசையாக ஓட்டுத் தையல் போடுங்கள். தையல் அரிசி நீளம் இருந்தால் போதும். சின்னதாக இருப்பதைவிட ஒரே அளவாக இருப்பதுதான் முக்கியம். பழைய துணிக்குக் கெட்டியான காட்டன் நூல். முடிச்சை மேல்துணிக்கு அடியில் இழுத்து மறையுங்கள். நடுவிரலுக்கு உறை போடாவிட்டால் மூன்றாம் வரிசையில் ஊசியின் பின்முனை விரலைக் குத்திவிடும்.

வட கர்நாடகத்தில் சித்தி என்னும் ஆப்பிரிக்க வம்சாவளிச் சமூகப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற ஒட்டுப் போர்வையைப் பார்த்தால் இதே ஓட்டுத் தையல்தான், ஆனால் வரிசையாகப் போகாது. ஓரத்தில் தொடங்கி, துண்டுகளை வைத்து வைத்து, சுற்றிச் சுற்றி நடுவுக்குப் போய் முடிப்பார்கள். நாலு மூலையிலும் மடித்த துணியில் ஒரு பூ வைப்பார்கள். அளவெடுக்காமல், வரையாமல் தைப்பது. கோதடி ஒன்று முடித்தவர்கள் அடுத்து அதை முயன்று பாருங்கள்.

அந்தேரி: ஸ்டேப்ளர் மாதிரி கையில் பிடிக்கும் மிஷின் வாங்கலாமா?

வேண்டாம். ஒற்றை நூலில் சங்கிலித் தையல் போடும். முனை அவிழ்ந்தால் இழுத்த இழுப்பில் எல்லாம் வந்துவிடும். அந்தக் காசுக்கு நல்ல கத்தரி வாங்குங்கள், அதில் காகிதம் வெட்டாதீர்கள்.

பாண்டுப்: மாமியாருக்கு அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கக் கரித்துணி தைக்கிறேன். போர்வையில் மிஞ்சிய பாலியஸ்டர் வாடிங் (பஞ்சு விரிப்பு) உள்ளே வைக்கலாமா?

கூடாது. சூட்டில் உருகும், கை சுடும். பழைய டர்க்கி டவலை இரண்டு மடிப்பாக வையுங்கள், முழுக்கக் காட்டனா என்று பார்த்துக்கொண்டு.

குர்லா: அக்கா, பாபின் பக்கம் நூல் சிக்கு...

டோம்பிவிலி. டோம்பிவிலி. ஃபுட்டைத் தூக்குங்கள்.

ஐரோலி: புதுத் துணியைக் கட்டாயம் துவைக்க வேண்டுமா? கஞ்சி போய்விட்டால் வெட்டச் சிரமமாக இருக்கிறது.

கட்டாயம். மேல்துணி ஒரு அளவும் அடித்துணி ஒரு அளவும் சுருங்கினால் முதல் துவைப்பிலேயே போர்வை அப்பளம் மாதிரி சுருண்டுவிடும். துவைத்த பிறகு ஸ்டார்ச் தெளித்து இஸ்திரி போட்டு வெட்டுங்கள், விறைப்பு திரும்ப வந்துவிடும்.

செம்பூர் (மறுபடியும்): விரிப்பு தைத்து முடித்ததும் கொடுப்பதற்கு முன் ஏதாவது பார்க்க வேண்டுமா?

குண்டூசி. தொடங்கும்போது எண்ணி ஒரு டப்பாவில் போடுங்கள், முடிந்ததும் எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும் விடாதீர்கள். ஒரு காந்தத்தை விரிப்பின் இரண்டு பக்கமும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பிறகு ஒருமுறை துவைத்து, வெயிலில் காயவைத்து, மடித்துக் கொடுங்கள்.