காரின் ஸ்பார்க் பிளக்கை எத்தனை கிலோமீற்றரில் மாற்ற வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கேட்டவரிடம் இருப்பது ஜப்பானிலிருந்து வந்த 660 சிசி வேகன் ஆர். மீற்றர் 52,000 காட்டுகிறதாம். கராஜ்காரர் உடனே மாற்றச் சொல்கிறார், நண்பரோ ஒரு லட்சம் வரை தொடவே வேண்டாம் என்கிறாராம். இரண்டு பேர் சொல்வதும் ஏதோ ஒரு காருக்கு, ஏதோ ஒரு பிளக்குக்குச் சரியாக இருக்கலாம். உள்ளே இருப்பது என்ன பிளக் என்று இருவரும் பார்க்கவில்லை, அதுதான் சிக்கல்.

என்னிடமும் அதே ரகக் கார்தான். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு வேலைக்குப் போய்வர வாங்கியது. காலி வீதியில் அது ஒரு குறையும் காட்டியதில்லை. போன வருடம் குடும்பத்தோடு கண்டிக்குப் புறப்பட்டோம். கடுகண்ணாவை ஏற்றத்தில் கார் விக்கத் தொடங்கியது. அக்சிலேட்டரை மிதித்தால் இழுவை இல்லை, குலுங்குகிறது. காலை எடுத்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது. செக் எஞ்சின் விளக்கு மின்னி மின்னி அணைந்தது. "ஏசியை நிப்பாட்டிப் பாருங்கோவன்" என்றாள் மனைவி. நிப்பாட்டினேன், கொஞ்சம் தெளிந்தது. பிளக் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது அப்போதுதான்.

காரணம் இதுதான். பிளக்கின் நுனி தேயத் தேய நடுவில் உள்ள இடைவெளி கூடுகிறது. அதைத் தாண்டி, பெற்றோலைப் பற்றவைக்கும் பொறி பாய அதிக வோல்ட் வேண்டும். ஏற்றத்தில் எஞ்சின் சுமை இழுக்கும்போது சிலிண்டருக்குள் அமுக்கமும் ஏறுவதால் இன்னும் அதிகம் வேண்டும். பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் கொயிலால் அவ்வளவு கொடுக்க முடியாதபோது பொறி தவறுகிறது. கொழும்பு தட்டையான ஊர். தேய்ந்த பிளக்கோடு பம்பலப்பிட்டிக்கும் தெஹிவளைக்கும் நடுவே மாதக் கணக்கில் ஓடலாம், தெரியவே தெரியாது. மலை ஏறினால்தான் குட்டு வெளிப்படும். அதோடு, அந்தச் செக் எஞ்சின் விளக்கு விடாமல் எரிந்தால் கராஜ் வரை ஓட்டிப் போகலாம். மின்னினால் எரியாத பெற்றோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்திகரிக்கும் கட்டலிட்டிக் கொன்வேட்டருக்குள் எரிந்து அதைக் கெடுக்கிறது என்று அர்த்தம். அதன் விலையோடு பார்த்தால் பிளக் விலை ஒன்றுமே இல்லை.

கொழும்புக்கு வந்து கழற்றினோம். அதற்கு ஒன்றரை வருடத்துக்கு முன் ஓரிடத்தில் சேர்விஸ் செய்தபோது 'இரிடியம் பிளக் 3' என்று பில் போட்டுக் காசு வாங்கியிருந்தார்கள். இரிடியம் எளிதில் தேயாத உலோகம். நான் பில்லை நம்பி, இன்னும் நெடுங்காலம் பார்க்கத் தேவையில்லை என்று இருந்துவிட்டேன். உள்ளே இருந்ததோ சாதாரண நிக்கல் பிளக். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய வித்தை தேவையில்லை. நிக்கல் பிளக்கின் நடுக்கம்பி தடிப்பாக, 2.5 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். இரிடியத்தின் நுனி ஊசி போல இருக்கும். என் பிளக்கின் இலக்கம் 11 என்று முடிந்தது. டென்சோ, என்ஜிகே என்ற இரண்டு கம்பனிப் பிளக்குகளிலும் அப்படி முடிந்தால் இடைவெளி 1.1 மில்லிமீற்றர் என்று பொருள். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டை விட்டுப் பார்த்தால் 1.4 தாராளமாகப் போகிறது.

இனிக் கணக்குக்கு வருவோம். சாதாரண நிக்கல் பிளக்குக்கு ஜப்பானில் சொல்லும் அளவு 15,000 முதல் 20,000 கிலோமீற்றர். நம்மவர்கள் 30,000 வரை இழுக்கிறார்கள். நடுக்கம்பி, அதற்கு எதிரே உள்ள கம்பி இரண்டின் நுனியிலும் இரிடியம் போன்ற விலை கூடிய உலோகம் வைத்த நீண்ட ஆயுள் பிளக் என்றால் ஏறக்குறைய ஒரு லட்சம். நடுக்கம்பியில் மட்டும் இரிடியம் வைத்த ரகமும் உண்டு. பெட்டியில் இரிடியம் என்றுதான் இருக்கும், ஆனால் ஆயுள் சாதாரண பிளக்கைவிடப் பெரிதாக அதிகமில்லை. பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

இன்னொன்று, 660 சிசிக் கார்களுக்கு மேலே சொன்னதையெல்லாம் பாதியாக்க வேண்டும். சின்ன எஞ்சின் அதே வேகத்துக்குக் கூடுதலாகச் சுற்றுகிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் ஒவ்வொரு பிளக்கும் செக்கனுக்கு 25 தடவை பொறி தட்டுகிறது. அப்படியானால் கேட்டவரின் நண்பர் சொன்ன ஒரு லட்சம் அந்தக் காருக்கு 50,000. ஜப்பானில் போட்ட நல்ல பிளக்கே உள்ளே இருந்தாலும், 52,000 என்பது மாற்றுகிற நேரம்தான். டாஷ்போர்ட் பெட்டியில் ஜப்பான் மொழிக் கையேடு கிடந்தால் போன் கமராவை மேலே பிடித்து மொழிபெயர்த்துப் பாருங்கள், உங்கள் எஞ்சினுக்கான அளவு அதில் இருக்கும்.

மீற்றரையும் முழுதாக நம்ப முடியாது. நெரிசலில் நிற்கும்போது சக்கரம் ஓடுவதில்லை, பிளக் மட்டும் வேலை செய்கிறது. 2022 பெற்றோல் வரிசைகள் ஞாபகம் இருக்கும். ஸ்டார்ட் பண்ணி பத்தடி நகர்த்தி அணைப்பது, திரும்ப ஸ்டார்ட் பண்ணுவது. பிளக் தன் கரியைத் தானே எரித்துக்கொள்ளும் அளவுக்குச் சூடாவதற்குள் எஞ்சினை அணைத்துவிடுவோம். காரைத் தள்ளிக்கொண்டு போனவர்கள் பெற்றோலோடு பிளக்கையும் மிச்சம் பிடித்தார்கள்.

பிளக்கை நான் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் வாங்கினேன். பழைய பிளக்கைக் கையில் கொண்டு போனதும் கடைக்கார நானா "இதே இலக்கமா தம்பி, இல்ல காருக்குரிய இலக்கமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்கிற கடையில் வாங்குங்கள். பிரபல பெயர்களில் போலிகள் உலவுகின்றன, அநியாய மலிவுக்குத் தந்தால் ஓடிவிடுங்கள்.

கழற்றிய பிளக்கை உடனே குப்பையில் போடாதீர்கள். நுனி இளம் பழுப்பாகவோ சாம்பலாகவோ இருந்தால் எஞ்சின் சுகமாக இருக்கிறது. உலர்ந்த கரி என்றால் பெரும்பாலும் பெற்றோல் அளவுக்கு மேல் போகிறது. நுனியிலேயே ஒயில் என்றால் வேறு செலவு காத்திருக்கிறது. பிளக் இருக்கும் மேல் பக்கக் குழிக்குள் மட்டும் ஒயில் என்றால் பெரும்பாலும் எஞ்சின் மேல் மூடியின் சீல்தான். இரிடியம் நுனியைக் கம்பித் தூரிகையால் தேய்க்கக் கூடாது, சாண்ட் பேப்பர் பழைய நிக்கல் காலத்துப் பழக்கம்.

நீங்களே மாற்றுவதானால் எஞ்சின் நன்றாக ஆறட்டும். குழிக்குள் இருக்கும் தூசியை முதலில் ஊதிவிடுங்கள். புது பிளக்கைக் கையால் திருகுங்கள், தடுத்தால் பலாத்காரம் வேண்டாம், அலுமினியப் புரி போய்விடும். கையால் திருக முடியாமல் நின்ற பிறகு பிளக் சாவியால் பொதுவாக அரைச் சுற்று, கொஞ்சம் கூடினாலும் முக்கால் சுற்றைத் தொட வேண்டாம்.

நான் கடைசியில் பொனட்டின் உட்பக்கத்தில் பெயின்ட் பேனாவால் திகதி, மீற்றர், பிளக் இலக்கம் மூன்றையும் எழுதி வைத்தேன். அடுத்த சேர்விஸுக்குப் போனபோது அங்கே வேலை செய்த பையன் அதை வாசித்துவிட்டு, பிளக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.