குர்துகளின் எண்ணெயும் ஈராக்கின் தினாரும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: குர்துகள் வாழும் பகுதியில் புதிய எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்படும்போதெல்லாம் தனி நாடு நெருங்கிவிட்டது என்று எழுதுகிறார்கள். எண்ணெய் அவர்களுக்கு உண்மையிலேயே உதவியிருக்கிறதா?
– பள்ளி ஆசிரியர், திருநெல்வேலி

பதில்: எண்ணெய் அவர்களுக்கு நம்பிக்கை தந்திருக்கிறது. ஆனால் கடந்த நூறு ஆண்டுகளில், அவர்களைப் பிரிந்துபோக விடக் கூடாது என்ற உறுதியை மற்றவர்களுக்குக் கொடுத்ததும் அதே எண்ணெய்தான்.

முதல் உலகப் போருக்குப் பின் 1920-இல் கையெழுத்தான செவ்ர் உடன்படிக்கை குர்துகளுக்குத் தன்னாட்சியையும், அவர்கள் விரும்பினால் சர்வதேச சங்கத்திடம் (ஐ.நா.வுக்கு முன்பு இருந்த உலக நாடுகளின் அமைப்பு) முறையிட்டு விடுதலை பெறும் வழியையும் அளித்தது. கிர்குக் உள்ளிட்ட, இன்றைய வடக்கு ஈராக்கிலுள்ள மோசுல் மாகாணத்துக் குர்துகளும் அந்த நாட்டில் சேர்ந்துகொள்ளலாம் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. மூன்றே ஆண்டுகளில், 1923-இல் வந்த லொசான் உடன்படிக்கையில், குர்துகளைப் பற்றிய பேச்சே இல்லை. மோசுல் யாருக்கு என்பதில் பிரிட்டனும் துருக்கியும் மோதிக்கொண்டன. 1925-இன் இறுதியில் சர்வதேச சங்கம் அதைப் பிரிட்டனின் பொறுப்பிலிருந்த ஈராக்குக்குக் கொடுத்தது. மறு ஆண்டு துருக்கி அதை ஒப்புக்கொண்டபோது, மோசுல் எண்ணெயின் உரிமத் தொகையில் 10 சதவீதம் 25 ஆண்டுகளுக்குத் துருக்கிக்குத் தரப்படும் என்று முடிவாயிற்று. அப்போது அங்கே ஒரு பெரிய கிணறுகூடத் தோண்டப்பட்டிருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மண்ணுக்கடியில் இருக்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட எண்ணெயே எல்லைக் கோட்டை வரையப் போதுமானதாக இருந்தது.

1927 அக்டோபரில் கிர்குக் நகரத்துக்கு அருகே, நிலத்தின் வெடிப்புகளிலிருந்து பழங்காலம் முதல் தீ எரிந்துகொண்டிருக்கும் பாபா குர்குர் என்ற இடத்தில், துளையிட்ட கிணறு கட்டுக்கடங்காமல் பீறிட்டது. நாளொன்றுக்கு 90,000 பீப்பாய்க்கு மேல் எண்ணெய் வெளியேறிப் பல நாட்கள் நிலத்தில் ஓடியது. அந்த நாள் முதல், ஆட்சி மன்னருடையதாக இருந்தாலும் குடியரசாக மாறினாலும் சதாம் உசேனின் பாத் கட்சியின் கைக்குப் போனாலும், கிர்குக்கை மட்டும் பாக்தாத் விட்டுக்கொடுக்கவில்லை. 1970 மார்ச் மாதம் குர்துத் தலைவர் முஸ்தபா பர்சானியுடன் பாக்தாத் செய்துகொண்ட சுயாட்சி உடன்பாடு முறிந்ததற்கு முதன்மையான காரணம் கிர்குக்கே. குர்துகளுக்கு ஆயுத உதவி செய்துவந்த ஈரானின் ஷா, 1975-இல் அல்ஜியர்ஸ் நகரில் சதாம் உசேனுடன் எல்லைத் தகராறைத் தீர்த்துக்கொண்டு அந்த உதவியை நிறுத்திய உடனேயே கிளர்ச்சி சரிந்தது. அதன் பின் கிர்குக்கிலிருந்து குர்து, துருக்மேன் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டு அரபுக் குடும்பங்கள் குடியேற்றப்பட்டன. எண்ணெய் இல்லாத வறண்ட மலையாக அந்த ஊர் இருந்திருந்தால் இத்தனை குடும்பங்கள் வீட்டை இழந்திருக்கமாட்டா என்றே நான் நம்புகிறேன்.

கேள்வி: 2003-க்குப் பிறகு, வடக்கு ஈராக்கில் தன்னாட்சி பெற்ற குர்திஸ்தான் பகுதி அரசு சொந்தமாக எண்ணெய் எடுத்து விற்றதே. அப்படியிருந்தும் விடுதலை கேட்டு நடந்த 2017 பொது வாக்கெடுப்புக்குப் பின் ஏன் தோற்றது?
– முதுகலை மாணவி, தஞ்சாவூர்

பதில்: இதற்கு விடை பெருமளவு குழாய்ப்பாதையில்தான் இருக்கிறது. முதலில் சட்டத்தைப் பார்ப்போம்.

ஈராக்கின் 2005 அரசமைப்புச் சட்டம், 111-ஆம் பிரிவில், எண்ணெயும் எரிவாயுவும் ஈராக் மக்கள் அனைவருக்கும் சொந்தம் என்கிறது. அடுத்த பிரிவு, தற்போதுள்ள வயல்களிலிருந்து எடுக்கப்படும் எண்ணெயை மத்திய அரசு மாநில நிர்வாகங்களோடு சேர்ந்து நிர்வகிக்கும் என்கிறது. ‘தற்போதுள்ள’ என்று எழுதியிருப்பதால், இனிமேல் கண்டுபிடிக்கப்படும் வயல்கள் எங்களுடையவை என்று குர்திஸ்தானின் தலைநகரான எர்பில் வாதிட்டது. அதனால்தான் அங்கே ஒவ்வொரு புதிய கண்டுபிடிப்பும் அரசியல் கொண்டாட்டமாயிற்று. நார்வே நிறுவனமான டி.என்.ஓ. தாவ்கே வயலையும், கல்ஃப் கீஸ்டோன் நிறுவனம் 2009-இல் ஷைக்கான் வயலையும் கண்டறிந்தன. 2007-இல் குர்திஸ்தான் தனக்கென்று எண்ணெய்ச் சட்டம் இயற்றியது. 2011-இல் அமெரிக்காவின் பெரிய எண்ணெய் நிறுவனமான எக்ஸான்மொபிலே பாக்தாத்தின் எதிர்ப்பை மீறி எர்பிலுடன் ஒப்பந்தம் செய்துகொண்டபோது, உலகம் தங்களை ஒரு நாடாக நடத்தத் தொடங்கிவிட்டது என்று குர்துத் தலைவர்கள் எண்ணியதில் வியப்பில்லை. தங்கள் மண்ணில் 4,500 கோடி பீப்பாய் எண்ணெய் இருப்பதாக எர்பில் சொல்லிவந்தது. வல்லுநர்கள் பலர் அதை ஏற்கவில்லை. நம்பிக்கை நட்சத்திரமாகச் சொல்லப்பட்ட தக்தக் வயலின் இருப்பை, அதை நடத்திய நிறுவனமே 2016-லும் 2017-லும் பல மடங்கு குறைத்து அறிவிக்க நேர்ந்தது.

ஆனால் குர்திஸ்தானுக்குக் கடற்கரை இல்லை. எண்ணெய் உலகச் சந்தைக்குப் போக வேண்டுமானால் துருக்கியின் ஜெய்ஹான் துறைமுகம் வழியாகத்தான் போக வேண்டும். 2013-இன் இறுதியில் எர்பில் தன் சொந்தக் குழாயைத் துருக்கிக் குழாயோடு இணைத்தது. 2014 தொடக்கத்தில் பாக்தாத் அதற்குப் பதிலடியாக, நிதிநிலை அறிக்கையில் குர்திஸ்தானுக்கு ஒதுக்கிவந்த 17 சதவீதப் பங்கை நிறுத்தியது. வழக்குக்குப் பயந்து வாங்குபவர்கள் தயங்கியதால், குர்து எண்ணெய் ஏற்றிய ஒரு கப்பல் அமெரிக்காவின் டெக்சாஸ் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு, இறக்க முடியாமல் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தது. விலையைக் குறைத்தே விற்க வேண்டியிருந்தது. விற்ற பணமும் முதலில் துருக்கியின் ஹால்க் வங்கியில் போய் விழுந்தது.

2014 ஜூனில் ஐ.எஸ். அமைப்பு மோசுலைப் பிடித்து ஈராக் படை ஓடியபோது, குர்துகளின் பெஷ்மெர்கா படையினர் கிர்குக்கைக் கைப்பற்றினார்கள். நூறு ஆண்டுகளாகக் கேட்ட ஊர் கைக்கு வந்துவிட்டது. ஆனால் அதே ஆண்டின் பிற்பகுதியில் பீப்பாய்க்கு 100 டாலருக்கு மேல் இருந்த விலை சரியத் தொடங்கி, 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே போனது. போர்ச் செலவும் அகதிகளின் வருகையும் சேர்ந்து அழுத்தியதால், அரசு ஊழியர்களின் சம்பளம் மாதக்கணக்கில் தள்ளிப்போய், பிறகு அதிலும் ஒரு பகுதி பிடிக்கப்பட்டது. அந்த நிலையில்தான் 2017 செப்டம்பர் 25 அன்று வாக்கெடுப்பு நடந்தது. ஏறத்தாழ 93 சதவீதம் பேர் விடுதலைக்கு வாக்களித்தார்கள். துருக்கி, ஈரான், அமெரிக்கா மூன்றும் எதிர்த்தன. எர்பில், சுலைமானியா விமான நிலையங்களுக்கு வெளிநாட்டு விமானங்கள் வருவதைப் பாக்தாத் தடை செய்தது. அக்டோபர் 16 அன்று ஈராக் படை கிர்குக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டது. ஒரே நாளில் குர்திஸ்தானின் ஏற்றுமதி ஏறக்குறைய பாதியாகிவிட்டது. குர்திஸ்தானின் அதிபர் மசூத் பர்சானி பதவியிலிருந்து விலகினார்.

மிச்சம் இருந்ததும் நிலைக்கவில்லை. 2022 பிப்ரவரியில் ஈராக்கின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2007-ஆம் ஆண்டின் எண்ணெய்ச் சட்டத்தைச் செல்லாது என்றது. 2023 மார்ச்சில், பாக்தாத்தின் அனுமதியின்றி எண்ணெயைக் கொண்டுபோனதற்காகத் துருக்கி சுமார் 150 கோடி டாலர் தர வேண்டும் என்று பாரிஸ் நடுவர் மன்றம் தீர்ப்பளிக்க, துருக்கி குழாயை மூடியது. இரண்டரை ஆண்டுகள் கழித்து 2025 செப்டம்பரில் அது திறந்தபோது, எண்ணெயை விற்கும் உரிமை பாக்தாத்தின் அரசு நிறுவனமான சோமோவிடம் போயிருந்தது. வாக்களித்த மக்களின் விருப்பம் நியாயமற்றது என்று நான் சொல்லமாட்டேன். அண்டை நாட்டின் கையிலிருக்கும் ஒரு வால்வை நம்பி அந்த விருப்பத்தை முன்வைத்ததற்கு அவர்கள் கொடுத்த விலை மிகப் பெரியது.

கேள்வி: குர்துகளுக்கென்று எப்போதாவது தனி நாணயம் இருந்ததுண்டா?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மதுரை

பதில்: அதிகாரபூர்வமாக இருந்ததில்லை. ஆனால் நடைமுறையில் பத்து ஆண்டுகள் இருந்தது. பொருளியல் மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டிய கதை அது.

1990-க்கு முன்பு ஈராக்கின் தினார் நோட்டுகள் பிரிட்டனில் நேர்த்தியாக அச்சிடப்பட்டன. அச்சுத் தகடுகள் சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்டவை என்பதால் மக்கள் அவற்றைச் ‘சுவிஸ் தினார்’ என்றார்கள். குவைத் படையெடுப்புக்குப் பின் பொருளாதாரத் தடை வந்ததும் அந்த நோட்டுகளை வாங்க வழியில்லாமல், சதாம் அரசு மட்டமான தாளில் தானே அச்சிடத் தொடங்கியது. 1993 மே மாதம், பழைய 25 தினார் நோட்டு செல்லாது, மூன்று வாரத்துக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று அறிவித்து, அதோடு வடக்குக்குச் செல்லும் பாதைகளையும் மூடியது. 1991 முதல் பாக்தாத்தின் கட்டுப்பாட்டிலிருந்து விலகியிருந்த குர்துகளால் மாற்றவே முடியவில்லை. அவர்களுடைய சேமிப்பு முழுவதும் காகிதமாகிவிடும் நிலை.

அவர்கள் அந்த நோட்டையே தொடர்ந்து கொடுத்து வாங்கினார்கள். பின்னால் நிற்க மத்திய வங்கி இல்லை, தங்கக் கையிருப்பு இல்லை, எண்ணெய் வருமானமும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. நோட்டு நைந்து கிழிந்தாலும் அதற்கு மாற்றாகப் புதியது வராது. ஆனால் யாரும் புதிதாக அச்சிட முடியாது என்பதே அதன் பலமாயிற்று. தெற்கே சதாமின் அச்சகம் ஓயாமல் ஓடியதால், பாக்தாத் மக்கள் 250 தினார் நோட்டுகளைக் கட்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார்கள். உலகின் மிகப் பெரிய எண்ணெய் இருப்புகளில் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்த அரசின் நாணயம் மதிப்பிழக்க, அரசே செல்லாது என்று ஒதுக்கிய நோட்டு மதிப்போடு நின்றது. 2002-இன் இறுதியில் சதாமின் ஆட்சி முடியப்போகிறது என்ற எண்ணம் வலுத்தபோது அதன் மதிப்பு இன்னும் உயர்ந்தது. வரப்போகும் அரசு தங்கள் நோட்டை ஏற்கும் என்று மக்கள் கணித்தார்கள். அந்தக் கணிப்புப் பொய்க்கவில்லை. 2003 அக்டோபர் முதல் 2004 ஜனவரி வரை நடந்த நாணய மாற்றத்தில் ஒரு சுவிஸ் தினாருக்கு 150 புதிய தினார் கொடுக்கப்பட்டது. சதாம் தினாருக்கு ஒன்றுக்கு ஒன்றுதான். அத்துடன் அந்த நாணயத்தின் வாழ்வு முடிந்தது. இன்றைய அரசமைப்பில் நாணயம் வெளியிடும் அதிகாரம் மத்திய அரசுக்கு மட்டுமே உரியது.

கேள்வி: ஈராக்கில் எண்ணெய் வளம் பெருகினால் தினார் பல நூறு மடங்கு உயரும், இப்போதே வாங்கி வையுங்கள் என்று நண்பர் வற்புறுத்துகிறார். வாங்கலாமா?
– வாசகர், ராமநாதபுரம்

பதில்: வாங்க வேண்டாம். சேமிப்பைக் கொண்டுபோய் அதில் போட்டவர்கள் உலகம் முழுவதும் ஏமாந்திருக்கிறார்கள்.

தினார் சந்தையில் தானாக ஏறி இறங்கும் நாணயம் அன்று. அதன் மதிப்பை மத்திய வங்கி டாலருக்கு எதிராக நிர்ணயிக்கிறது. எண்ணெய் விற்ற டாலர் முதலில் நியூயார்க்கிலுள்ள அமெரிக்க மத்திய வங்கிக் கிளையின் கணக்கில் சேர்கிறது. ஈராக் மத்திய வங்கி அந்த டாலரை விற்றுத் தினாரைத் திரும்ப உள்ளே இழுக்கிறது. ஆகவே எண்ணெய் வருமானம் கூடினால் கையிருப்பு பெருகும், அறிவித்த விகிதத்தைக் காப்பது எளிதாகும். விகிதம் தானாக உயர்ந்துவிடாது. 2020-இல் எண்ணெய் விலை விழுந்து சம்பளம் கொடுக்கப் பணமில்லாதபோது, டாலருக்குச் சுமார் 1,190 என்றிருந்த விகிதத்தை அரசே 1,450 ஆக்கி மதிப்பைக் குறைத்தது. 2022-இல் எண்ணெய் வருமானம் பெருகிக் கையிருப்பு நிரம்பியிருந்த நேரத்தில், டாலர் அனுப்பும் விதிகளை நியூயார்க் இறுக்கிய ஒரே காரணத்தால் வெளிச்சந்தையில் தினார் சரிந்து, 2023 தொடக்கத்தில் ஒரு டாலர் 1,600 தினாரைத் தாண்டியது. பின்னர் அதிகாரபூர்வ விகிதம் 1,300 என்று மாற்றப்பட்டது.

நண்பரிடம் ஒரு கணக்கைச் சொல்லுங்கள். புழக்கத்திலுள்ள தினார் ஏறத்தாழ 100 லட்சம் கோடி. ஒரு தினார் ஒரு டாலர் என்றானால், அந்த நோட்டுகளின் மதிப்பு மட்டும் உலக நாடுகள் அனைத்தின் ஓராண்டு உற்பத்திக்குக் கிட்டத்தட்டச் சமமாகிவிடும். போருக்குப் பின் குவைத் தினார் பழைய மதிப்புக்குத் திரும்பியதே என்று அவர் கேட்கக்கூடும். குவைத், ஈராக்கைப் போல ஆண்டுக்கணக்கில் நோட்டுகளை அச்சிட்டுக் குவிக்கவில்லை.

கேள்வி: துருக்கியில் குர்துகள் வாழும் காபார் மலையிலும் எண்ணெய் கிடைத்திருக்கிறதாமே?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: ஆம், ஷிர்னாக் மாகாணத்தில். நாளொன்றுக்கு ஒரு லட்சம் பீப்பாய் வரை எடுக்கலாம் என்று 2023 மே மாதம், தேர்தலுக்குச் சற்று முன்பு, அதிபர் எர்டோகன் அறிவித்தார். அந்த அறிவிப்பு துருக்கியின் நாணயத்தை உயர்த்தவில்லை. அந்த ஆண்டின் தொடக்கத்தில் டாலருக்கு 19-ஐ ஒட்டியிருந்த லிரா, ஆண்டு முடிவில் 30-ஐ நெருங்கியது. வட்டி விகிதமும் பணவீக்கமும் இறக்குமதிச் செலவும் இழுத்த திசையிலேயே அது போனது. குர்துகளின் அரசியல் உரிமையிலும் அந்தக் கிணறுகள் எதையும் மாற்றவில்லை. வருமானம் நேரே அங்காராவுக்குப் போகிறது.

கேள்வி: நாளைக்கே குர்திஸ்தான் தனி நாடானால் எண்ணெய் பலத்தில் சொந்த நாணயம் நிற்குமா?
– வாசகர், சேலம்

பதில்: தெற்கு சூடானைப் பாருங்கள். 2011 ஜூலையில் விடுதலை பெற்றபோது, பழைய சூடானின் எண்ணெயில் ஏறத்தாழ முக்கால் பங்கு அதற்குக் கிடைத்தது. அதே மாதம் சொந்தப் பவுண்டையும் வெளியிட்டது. ஆனால் குழாய் சூடான் வழியாகப் போனது. கட்டணத் தகராறில் 2012 ஜனவரியில் தன் உற்பத்தியைத் தானே நிறுத்த நேர்ந்தது; 2013 இறுதியில் உள்நாட்டுப் போர் வந்தது. டாலருக்கு 3-க்குச் சற்றுக் குறைவாகக் கட்டி வைத்திருந்த பவுண்டை 2015 டிசம்பரில் விட்டதும், அது ஒரே நாளில் 18-ஐத் தாண்டியது.

குர்திஸ்தானின் நிலை அதைவிடக் கடினமானது. அரசிடம் சம்பளமும் ஓய்வூதியமும் பெறுவோர் சுமார் 12 லட்சம் பேர். வரி வருவாய் குறைவு. எர்பிலை ஆளும் கட்சிக்கும் சுலைமானியாவை ஆளும் கட்சிக்கும் தனித்தனிப் படைப்பிரிவுகள் இருக்கின்றன. புதிய நாணயத்தை வெளியிட்டால் முதல் மாதச் சம்பளத்தையே அதில்தான் கொடுக்க வேண்டியிருக்கும், அப்போது தேவைக்கு மேல் அச்சிடும் ஆசையை எந்த அரசும் எளிதில் அடக்கியதில்லை. ஆகவே தொடக்கத்தில் சில ஆண்டுகள் டாலரையோ தினாரையோ வைத்துக்கொண்டு, வரி வசூலையும் ஒன்றுபட்ட கருவூலத்தையும் ஏற்படுத்துவதே அவர்களுக்கு நல்லது என்பது என் கருத்து. இன்றைக்கு அவர்கள் தீர்க்க வேண்டியது அதைவிட அருகிலிருக்கும் சிக்கல்: 2007 முதல் பாக்தாத் நாடாளுமன்றத்தில் கிடப்பில் கிடக்கும் கூட்டாட்சி எண்ணெய்ச் சட்டம். அது நிறைவேறினால், எந்த வயல் யாருடையது, வருமானத்தில் எவருக்கு எவ்வளவு என்பது ஒவ்வொரு ஆண்டும் நிதிநிலை அறிக்கையின்போது நடக்கும் பேரமாக இல்லாமல் சட்டமாகிவிடும்.