இரண்டு எச்.எஃப். மாடா, ஆடா? பென்னாகரம் வாசகிக்கு ஒரு கால்நடை மருத்துவரின் பதில்

கேள்வி: பென்னாகரம் பக்கம் எங்கள் ஊர். ஒன்றேகால் ஏக்கர் நிலம் இருக்கிறது, பெரும்பாலும் மானாவாரி. ராகியும் அவரையும் போடுவோம். கிணறு உண்டு, ஆனால் பங்குனி, சித்திரையில் தண்ணீர் அடியில்தான் கிடக்கும். கணவர் ஓசூரில் கம்பெனி வேலை, வாரம் ஒருமுறை வருவார். வீட்டில் நானும் மாமியாரும் மட்டும். மகளிர் குழுவில் ஒன்றரை லட்சம் கடன் கிடைக்கும் போலிருக்கிறது. இரண்டு எச்.எஃப். கலப்பின மாடு வாங்கலாம் என்கிறார் கணவர். ஆடுதான் தொல்லை இல்லாதது என்கிறார் மாமியார். எனக்கு மாட்டைப் பற்றியும் தெரியாது, ஆட்டைப் பற்றியும் தெரியாது. அடிப்படையிலிருந்து சொல்ல முடியுமா?

பதில்: என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் அம்மா. ஒரு ஜெர்சி கலப்பினப் பசு, கூடவே மூன்று பெட்டை வெள்ளாடு. இதற்குக் கடன் முழுவதையும் எடுக்க வேண்டியிருக்காது. இரண்டு எச்.எஃப்., அதாவது ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் கலப்பினம், இப்போதைக்கு வேண்டாம். அந்த ஒரு பசுவையும் இன்றைக்கே வாங்க வேண்டாம். முதலில் புல் நடுங்கள், புல் அறுப்புக்கு வரும்போது மாடு வரட்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு மாட்டின் வயிற்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மாட்டுக்கு வயிறு நான்கு அறை. முதல் அறை பெருவயிறு, மருத்துவர்கள் ரூமன் என்போம். வளர்ந்த பசுவுக்கு அதில் நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். இரண்டாவது தேன்கூடு போல இருக்கும். மூன்றாவது புத்தக ஏடு மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். நான்காவதுதான் நம் வயிறு போல அமிலம் சுரந்து செரிக்கிற வயிறு. ஆடு, செம்மறி, எருமை எல்லாவற்றுக்கும் இதே அமைப்புதான்.

அந்தப் பெருவயிற்றை இட்லி மாவுப் பாத்திரம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மாவு புளிப்பதற்குக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் காரணம் இல்லையா? அதே போலக் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் பெருவயிற்றில் இருந்துகொண்டு வைக்கோலையும் புல்லையும் நொதிக்க வைக்கின்றன. நார்ச்சத்தை உடைக்கிற வேலை மாட்டால் முடியாது, அவைதான் செய்கின்றன. அப்போது உண்டாகும் அமிலங்கள் ரத்தத்தில் கலந்து மாட்டுக்குச் சக்தியாகின்றன. நாருள்ள தீனியிலிருந்து வரும் அமிலம்தான் பாலில் கொழுப்பாக மாறுகிறது. பால் சொசைட்டியில் கொழுப்பு குறைந்து விலை இறங்கினால், பல வீடுகளில் காரணம் வைக்கோலும் தாளும் குறைந்து தவிடு கூடியதுதான்.

பசு ஒரு நாளில் ஆறு, ஏழு மணி நேரம் அசை போடும். அசை போட்டால்தான் எச்சில் ஊறும். ஒரு நாளைக்கு நூறு லிட்டருக்கு மேல் ஊறும் அந்த எச்சில்தான் பெருவயிறு அதிகமாகப் புளித்துவிடாமல் காக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை உங்கள் தொழுவத்துக்கு வராது.

பல வருடங்களுக்கு முன் பாலக்கோடு பக்கம் ஒரு கல்யாண வீட்டுக்கு என்னை அழைத்தார்கள். மிச்சமான சோற்றை வீணாக்க மனமில்லாமல் அண்டாவோடு பசுவுக்கு வைத்திருந்தார்கள். ஆசையாகத் தின்ற பசு மறுநாள் காலையில் படுத்துவிட்டது. கண் குழி விழுந்து, சாணம் புளித்த வாடையோடு தண்ணீராகப் போய்க்கொண்டிருந்தது. பெருவயிறு கொஞ்சமும் அசையவில்லை. சோற்றிலிருந்த மாவுச்சத்து ஒரேயடியாகப் புளித்து, உள்ளே இருந்த நல்ல நுண்ணுயிர்கள் செத்துவிட்டன. நான் போவதற்குள் நேரம் கடந்துவிட்டது, காப்பாற்ற முடியவில்லை. கஞ்சி, சோறு, அரைத்த தானியம், தக்காளி விலை விழும்போது கூடை கூடையாகக் கொட்டுகிற பழம், மாம்பழக் காலத்தில் தோல், எதுவானாலும் கொஞ்சமாகப் பழக்கித்தான் கொடுக்க வேண்டும். மாங்கொட்டை வேறு தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

சரி, இப்போது உங்கள் நிலத்துக்கு வருவோம். பசு ஒரு நாளில் தன் எடையில் நூற்றுக்கு மூன்று பங்கு உலர் தீனி தின்னும். உலர் தீனி என்றால் ஈரத்தைக் கழித்த கணக்கு. 350 கிலோ ஜெர்சி கலப்பினத்துக்குப் பத்து, பதினொரு கிலோ வேண்டும். பச்சைப் புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர், அதனால் இருபது கிலோ பசும்புல் போட்டால் நான்கு கிலோதான் கணக்கில் வரும். ராகித்தாள் மூன்றரை, நான்கு கிலோ. மீதி கலப்புத் தீவனம்: உடம்பைக் காப்பாற்ற ஒன்றரை கிலோ, அதற்கு மேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ. எட்டு லிட்டர் கறந்தால் நாலே முக்கால் கிலோ ஆகிறது. தாது உப்புக் கலவை தினம் 50 கிராம்.

இருபது கிலோ பசும்புல் என்றால் வருடத்துக்கு ஏழு டன்னுக்கு மேல். கோ 4, கோ 5 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் நன்றாகத் தண்ணீர் பாய்ந்தால் ஏக்கருக்கு வருடம் 150 டன் வரை வரும் என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் கணக்கு. நம் மண்ணில், நம் கிணற்றில், அதில் பாதி வரும் என்று வைத்துக்கொள்வதே நல்லது. அப்படிப் பார்த்தால் ஒரு பசுவுக்குப் பத்து சென்ட் போதும். கோடையில் உங்கள் கிணறு அந்தப் பத்து சென்டை நனைக்கும். இரண்டு எச்.எஃப். வைத்துக்கொண்டு இருபத்தைந்து, முப்பது சென்டுக்குப் பாய்ச்ச அதில் தண்ணீர் இருக்காது. பிறகு குடிநீர். பாலில் 87 சதவீதம் தண்ணீர்தான். கறவை மாடு ஒரு நாளில் 60 முதல் 80 லிட்டர் குடிக்கும், எச்.எஃப். சித்திரை வெயிலில் நூறைத் தாண்டும். மாமியார் குடத்தில் சுமக்கிற வேலை இல்லை இது.

ராகித்தாள் உங்களிடம் இருப்பது பெரிய பலம். நெல் வைக்கோலை விட அது நன்றாகச் செரிக்கும், சுண்ணாம்புச் சத்தும் கூடுதல். தாளை மழையில் விடாமல் போர் போட்டு வையுங்கள். வரப்போரமாக அகத்தி, சூபாபுல், வேலிமசால் நட்டுவிடுங்கள். அவை வறட்சி தாங்கும், புரதமும் அதிகம். சூபாபுல்லை மட்டும் பசுந்தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போடக் கூடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பூ எடுக்காத இளம் சோளப்பயிர், மழை இல்லாமல் வாடிய சோளம், அறுத்த கட்டையிலிருந்து துளிர்த்த தழை, இவற்றில் சயனைடு நஞ்சு இருக்கும். அதைத் தின்ற மாடு அரை மணி நேரத்துக்குள் மூச்சுத் திணறி விழுந்துவிடும். பூ எடுத்த பிறகு அறுங்கள், வெயிலில் காயவைத்துப் போடுங்கள்.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் எச்.எஃப். நன்றாகத்தானே இருக்கிறது என்று உங்கள் கணவர் கேட்பார். அவர் தினமும் பார்க்கிற மாடு அதுதான். ஆனால் ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற குளிர்ந்த மேட்டுநிலம். பென்னாகரத்துப் பங்குனி வெயில் வேறு. எச்.எஃப். குளிர்நாட்டு இனம், 25 டிகிரியைத் தாண்டினாலே தீனி குறையத் தொடங்கும். புளிக்கிற மாவுப் பாத்திரம் சூடாகும் அல்லவா, பெருவயிறும் அப்படித்தான். நிறையத் தின்று நிறையக் கறக்கிற மாட்டுக்கு உள்ளேயும் சூடு, வெளியேயும் சூடு. மூச்சு வாங்கும், பால் இறங்கும், சினை பிடிக்காது. ஜெர்சி சிறிய உடம்பு, வெயிலைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். லிட்டர் குறைவுதான், ஆனால் பாலில் கொழுப்பு அதிகம்.

மாமியாருக்கு ஆலம்பாடி மாடு தெரிந்திருக்கும். உங்கள் பக்கத்து மாடு அது. உழவுக்கும் வண்டிக்கும் பேர்போன இனம், காடு மேய்ந்தே வாழும். அதைக் காப்பாற்ற வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறவன் நான். காரிமங்கலத்தில் அதற்கென்றே ஆராய்ச்சி மையமும் இருக்கிறது. ஆனால் கன்று குடித்தது போக வீட்டுக்குக் கொஞ்சம் மிஞ்சுகிற அளவுதான் பால். கடன் தவணையை அதன் தலையில் சுமத்த முடியாது.

ஆடு தொல்லை இல்லாதது என்று மாமியார் சொல்வதில் பாதிதான் சரி. வெள்ளாடு மாடு போலப் புல்லை வாரித் தின்பதில்லை, தலையைத் தூக்கித் தழையைத் தேடும். ஆடு தொடாத செடி என்பதால்தானே ஆடாதொடைக்கே அந்தப் பெயர். 30 கிலோ ஆட்டுக்கு ஒரு நாளைக்குச் சுமார் ஒரு கிலோ உலர் தீனி போதும். ஒரு பசு தின்பதைப் பத்து ஆடு தின்னும். மூன்று ஆட்டுக்கு வரப்போர அகத்தியும் அவரைக் கொடியும் போதும். ஆனால் பக்கத்துக்காரர் மல்பெரித் தோட்டத்தில் ஒருமுறை புகுந்தால் உறவே கெட்டுப்போகும், ஆகவே வேலி முக்கியம். சேலம் கருப்பு இனம் தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்துக்கும் ஏற்றது: உயரமான கறுப்பு ஆடு, கறிக்கு நல்ல விலை. சினைக்காலம் ஐந்து மாதம், இரண்டு வருடத்தில் மூன்று ஈத்து எடுக்கலாம். குட்டிகள் சாவது பெரும்பாலும் ஈரத் தரையாலும் குடற்புழுவாலும்தான். மழைக்கு முன் புழு மருந்து, துள்ளுமாரித் தடுப்பூசி, அப்புறம் ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி, இந்த மூன்றையும் தவறவிடாதீர்கள். திடீரென்று பணம் தேவைப்பட்டால் ஒரு கிடாவைப் போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு ஓட்டிவிடலாம், பசுவை விற்க வேண்டிவராது.

பசுவைச் சந்தையில் வாங்காதீர்கள், விற்பவர் வீட்டுக்கே போங்கள். சந்தைக்கு வருகிற மாட்டில் ஒரு வேளைப் பாலைக் கறக்காமல் விட்டு மடியைப் பெரிதாகக் காட்டுவதுண்டு. அடுத்தடுத்து மூன்று வேளை கறந்து பாருங்கள். நான்கு காம்பிலும் முதல் பீச்சைக் கறுப்புத் துணியில் விடுங்கள். திரிதிரியாகத் தெரிந்தால் மடிநோய், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். வாயைத் திறந்து பல் பாருங்கள். மேல்தாடையில் முன்பல்லே இருக்காது, பயப்படாதீர்கள், எல்லா மாட்டுக்கும் அப்படித்தான். கீழே எட்டுப் பல். பால் பல் விழுந்து இரண்டு பெரிய பல் முளைத்தால் இரண்டு வயது, எட்டும் சேர நாலு, நாலரை வயது ஆகும். ஆறு பல்லிலிருந்து எட்டு சேரும் வயதில், இரண்டாம் ஈத்தில் இருக்கும் பசுவை எடுங்கள். கறக்கவும் பழகியிருக்கும், இன்னும் பல ஈத்தும் மிச்சமிருக்கும்.

அதோடு இதையும் செய்யுங்கள். பசுவின் இடது பக்கம், கடைசி விலா எலும்புக்குப் பின்னால் ஒரு பள்ளம் தெரியும். அங்கே மூடிய கையை அழுத்தி வைத்து இரண்டு நிமிடம் நில்லுங்கள். உள்ளே பெருவயிறு புரண்டு உங்கள் கையைத் தள்ளும். இரண்டு நிமிடத்தில் மூன்று முறை தள்ளினால் வயிறு நன்றாக வேலை செய்கிறது. முதலில் ஒன்றும் புரியாத மாதிரி இருக்கும், நான்கைந்து மாட்டில் வைத்துப் பார்த்தால் கை பழகிவிடும். வீட்டுக்கு வந்த பிறகும் தினம் காலையில் இதைச் செய்யுங்கள். வயிறு மந்தமானால் அந்தக் கை சீக்கிரமே சொல்லிவிடும்.

மற்றபடி நோய்த்தடுப்பு சுருக்கமாக. கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அரசு இலவசமாகவே போடுகிறது. தோல் கழலை நோய்க்கும் வருடம் ஒருமுறை போட்டுவிடுங்கள். அவசரத்துக்கு 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கூப்பிடலாம். காப்பீடு கட்டாயம் எடுங்கள்.

லாபம் நிற்பது வருடம் ஒரு கன்றில்தான். கன்று போட்ட இரண்டு, மூன்று மாதத்தில் மறுபடி சினை ஊசி போட வேண்டும். பசு 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். கத்தும், தீனி குறையும், கண்ணாடி போல வழும்பு ஒழுகும். காலையில் தெரிந்தால் அன்று மாலை ஊசி, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை. ஒரு பருவத்தைக் கவனிக்காமல் விட்டால் 21 நாள் தீனிச் செலவு கையைவிட்டுப் போகும். மாமியாரின் கண் இதற்குத்தான் தேவை. நீங்கள் கறவையைப் பாருங்கள், அவர் மாட்டின் குணத்தைப் பார்க்கட்டும்.

ஆடி மழையில் நேப்பியர் கரணை நடுங்கள். 75 நாளில் முதல் அறுப்பு, பிறகு 45 நாளுக்கு ஒருமுறை. அதற்குள் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலோ, குண்டலப்பட்டியில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்திலோ கறவை மாடு வளர்ப்புப் பயிற்சிக்குப் போய்வாருங்கள். ஆடுகளை இப்போதே வாங்கிக்கொள்ளலாம், ஐப்பசியில் பசு வரட்டும்.

பசுவை ஓட்டி வரும் அன்று, அவர்கள் வீட்டில் போடுகிற தீவனத்தையே ஒரு மூட்டையும் ஒரு கட்டுத் தாளும் காசு கொடுத்தாவது கேட்டு வாங்கி வாருங்கள். அதன் பெருவயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்களுக்குப் பழக்கமானது அந்தத் தீனிதான். அதில் உங்கள் புல்லையும் உங்கள் தீவனத்தையும் நாளுக்குக் கொஞ்சமாகக் கூட்டி, பத்து நாளில் முழுதும் மாற்றுங்கள். முதல் இரண்டு நாள் பால் குறைந்தால் பதறித் தவிட்டை அள்ளிப் போட்டுவிடாதீர்கள். நல்ல தண்ணீரும் தாளும் தாராளமாக வையுங்கள், அசை போடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள்.